பொன்னாடையும் பட்டுக் கயிறும்

போன ஞாயிற்றுக்கிழமை, பிரெஞ்சுத் தலைநகரில் நம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பலில், ஒரு பலசரக்குக் கடையின் பின்னறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவில், நாங்கள் கூடி ஒரு மனிதரின் கழுத்தை நெரித்தோம்.

பதறாதீர்கள். பொலிஸ் வரவில்லை. ரத்தமும் வரவில்லை. எங்கள் சங்கத்தின் அவசரக் கூட்டம், அவ்வளவுதான். தலைவர் அருளப்பு அண்ணையைப் பதவியிலிருந்து இறக்கினோம். பிளேன்ரீ குடித்தோம். கலைந்தோம்.

அந்தத் தேநீர் இன்னும் எனக்குத் தொண்டையில் நிற்கிறது. அதனால்தான் இந்த வாரம் கஸார்களைப் பற்றி எழுதுகிறேன்.

கஸார்களா... அது யார்? கேட்பீர்கள், தெரியும்.

என் அறையில் ஹீட்டர் வேலை செய்யாது என்பது இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரிந்த சங்கதி. வீட்டுக்காரன் இன்று நாளை என்கிறான். ஆகவே குளிர்காலம் முழுக்க, வேலை முடிந்ததும் முனிசிபல் நூலகத்தில்தான் என் குடியிருப்பு. சும்மா உட்கார்ந்திருந்தால் அங்கே புத்தகம் எடுத்துக் கொடுக்கிற மதாம் முறைப்பார். ஏதாவது ஒரு தடித்த புத்தகத்தை விரித்து வைத்திருக்க வேண்டும். இந்தக் குளிருக்கு அகப்பட்டது கஸார்களின் சரித்திரம்.

ஆயிரம் வருடங்களுக்கு முந்திய ஆட்கள். துருக்கி இனம். கருங்கடலுக்கும் கஸ்பியன் கடலுக்கும் இடையில் குதிரையும் கூடாரமுமாகத் திரிந்தவர்கள், பிறகு பெரிய ராச்சியமே கட்டினார்கள். ஒரு பக்கம் கிறிஸ்தவப் பேரரசு, மறு பக்கம் இஸ்லாமியப் பேரரசு. இரண்டுக்கும் நடுவில் இவர்களுடைய அரசர்களோ யூத மதத்தைத் தழுவினார்கள்! குடிமக்களை அவரவர் சாமியோடு விட்டுவிட்டார்கள். தலைநகரில் ஏழு நீதிபதிகள். யூதருக்கு இருவர், முஸ்லிம்களுக்கு இருவர், கிறிஸ்தவர்களுக்கு இருவர், பழைய சாமிகளைக் கும்பிடுகிறவர்களுக்கு ஒருவர்.

கூடாரத்தில் பிறந்தவர்களுக்கு அது முடிந்தது. எங்களுக்கு? சைவக்காரரும் வேதக்காரரான கிறிஸ்தவர்களும் சேர்ந்து ஒரு மண்டபத்தில் ஒரு பொங்கல் பொங்க முடியவில்லை. அந்தக் கேவலத்தைப் பிறகு சொல்கிறேன்.

கஸார்களுக்கு இரண்டு அரசர்கள். பெரியவர் ககான். மகா புனிதமானவர். அவரைக் கண்டால் ஜனங்கள் நிலத்தில் விழுந்து கும்பிட வேண்டும். ஆனால் அவர் ஒரு துரும்பையும் அசைக்க மாட்டார். படை நடத்துவது, வரி வாங்குவது எல்லாம் இரண்டாமவர். அவருக்குப் பெக் என்று பெயர்.

சரி, மழை பொய்த்தால்? போரில் தோற்றால்? பழி யாருக்கு? பெக்குக்கா? அதுதான் இல்லை! "ககானின் ராசி சரியில்லை, அவரை முடித்துவிடு" என்று பெக்கிடமே போய்க் கேட்பார்களாம்.

முடிசூட்டு விழா இன்னும் விசேஷம். ககான் ஆகப்போகிறவரின் கழுத்தில் ஒரு பட்டுக் கயிற்றைப் போட்டு இறுக்குவார்கள். மூச்சு முட்டுகிற நேரத்தில் ஒரு கேள்வி: எத்தனை வருடம் ஆளப்போகிறாய்? மனிதர் திணறித் திணறி ஏதோ ஓர் எண்ணைச் சொல்வார். அதைத் தாண்டியும் உயிரோடு இருந்தால் கொன்றுவிடுவார்கள். அவர்தானே சொன்னார், நாங்களா சொன்னோம்? இதெல்லாம் அரபு தேசத்தவர்கள் எழுதிவைத்த கதை. கஸார்கள் தங்கள் பாஷையில் ஒரு சரித்திரமும் எழுதி வைக்கவில்லை.

பொங்கலுக்கு முந்திய வாரம் இதை அருளப்பு அண்ணைக்குச் சொன்னேன். மன்னார்க்காரர். ஊரில் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், தலைமைக் கிளாக்கர். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்தார். இப்போது ஒரு ஹோட்டலில் கட்டில் விரிப்புகளை இஸ்திரி போட்டு மடிக்கிறார். நாலு மூலையும் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

கேட்டுக்கொண்டே கைக்குட்டையை நாலாய் மடித்தார். பிறகு, "அந்த மனிசன் ஏன் தம்பி ஓம் எண்டு தலையைக் குடுத்தவர்?" என்றார்.

"அரசன் எண்டால் ஆருக்குத்தான் ஆசை இல்லை அண்ணை?"

"உண்மைதான். எனக்குப் பொன்னாடை போட்ட அண்டைக்குத்தான், இஞ்சை வந்த பிறகு முதல்முதலா, ஆக்கள் என்னை ஐயா எண்டு கூப்பிட்டவை. அதுக்காகத்தான் நானும் தலையைக் குடுத்தனான்."

சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

அவரை ஏன் தலைவராக்கினார்கள் என்று நினைக்கிறீர்கள்? அன்பிலா? பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்த இடம் இல்லை. கிறிஸ்தவக் கோயிலின் மண்டபத்தை வைத்திருந்த பிரெஞ்சுச் சுவாமியார் நம்பியது ஞாயிறு தவறாமல் பூசைக்கு வரும் அருளப்பு அண்ணை ஒருவரைத்தான். அவருடைய வாக்கில்தான் மண்டபத்துச் சாவி வந்தது. உடனே செயலாளர் குலேந்திரன் ஒரு பொன்னாடையோடு வந்துவிட்டார். கடைக்காரர், கெட்டிக்காரர். "நீங்கள் சும்மா இருந்தால் போதும் ஐயா, எல்லாம் நாங்கள் பாப்பம்" என்றார்.

பார்த்தார்கள்! பொங்கலன்று மண்டபத்துக்குள்ளே, மரத் தரையின் மேலே ஒரு தகரத்தைப் போட்டு, மூன்று செங்கல் வைத்து, கடையின் பழப்பெட்டிப் பலகைகளை உடைத்து அடுப்பு மூட்டினார்கள். வெளியே பனி கொட்டுகிறதாம்.

அருளப்பு அண்ணை கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கெஞ்சினார். "தம்பியவை, உள்ளுக்கை நெருப்பு வேண்டாம். குசினியிலை காஸ் அடுப்பு இருக்கு."

குலேந்திரன் கேட்டார்: "காஸ் அடுப்பிலை பொங்கினால் அது பொங்கலே? அது வெறும் சோறு. நீங்கள் வேதக்காரர், உங்களுக்கு இது விளங்காது ஐயா."

பால் பொங்கி வழிந்தது. எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். கீழே தகரம் பழுத்து, மரத்தரை புகையத் தொடங்கியதை யாரும் கவனிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அழைத்து, தீயணைக்கும் பொம்பியேக்கள் சிவப்பு வண்டியில் வந்து, பானையின் மேலேயே தண்ணீரைப் பாய்ச்சினார்கள். யாருக்கும் காயமில்லை. தரையில் ஒரு ஆள் படுக்கிற அளவுக்குக் கருகல். மறுநாள் சுவாமியார் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். திட்டவில்லையாம். "உங்களை நம்பித்தானே கொடுத்தேன்" என்று மட்டும் சொன்னாராம். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம் என்றார் அருளப்பு அண்ணை.

இப்போது போன ஞாயிற்றுக்கு வருவோம். பின்னறையில் ஒருவர் எழுந்தார். "சுவாமியாரோடை கதைச்சு மண்டபத்தை மீட்டிருக்கலாம். இவர் செய்யேல்லை. தங்கடை ஆக்களுக்குத்தானே பாப்பார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நெருப்பு மூட்டினது ஆர்?" என்று கத்தினேன்.

"அது வேறை விசயம் அண்ணை," என்றார் குலேந்திரன், தேன் வழிய. "தலைவர் எண்டால் பொறுப்பு எண்டு ஒண்டு இருக்கு. நீங்கள் உங்கடை நியாயத்தைப் பேப்பரிலை எழுதுங்கோ."

எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.

கை தூக்கச் சொன்னார்கள். எல்லாக் கையும் உயர்ந்தது, என்னுடையதைத் தவிர. ஒரு கையால் என்ன கிழிக்க முடியும்? அருளப்பு அண்ணை எழுந்தார். பையிலிருந்து அந்தப் பொன்னாடையை எடுத்தார். இஸ்திரி போட்டு, நாலு மூலையும் பொருந்த மடித்து வைத்திருந்தார். மேசையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். "போட்டு வாறன்" என்று விடைபெற்றார். "ஓம் ஐயா" என்று சொல்ல அங்கே ஒரு வாய் இல்லை.

இப்போது அவர் இங்குள்ள கோயிலுக்குப் போவதில்லை. சுவாமியாரின் முகத்தில் முழிக்க வெட்கமாம். பூசைக்காக நகருக்கு வெளியே திரான்சிக்கு ரயிலும் பஸ்ஸும் பிடிக்கிறார். சைவக்காரருக்கு அவர் வேதக்காரர். சுவாமியாருக்கு அவர் தரையைக் கொளுத்திய கூட்டத்தின் தலைவர். பிள்ளைகளுக்கு வகுப்பும் போயிற்று. கேட்டால், தலைவர் சரியில்லை என்கிறார்கள். நமக்குத் தலைவர் தேவைப்படுவதில்லை ஐயா, ஒரு கழுத்துத்தான் தேவைப்படுகிறது.

கஸார்கள் என்னவானார்கள்? வடக்கேயிருந்து ரஷ்யர்களின் முன்னோர் வந்து அடித்து நொறுக்கினார்கள். ஆட்கள் அங்கங்கே கரைந்து காணாமல் போனார்கள். என்னோடு வேலை செய்யும் துருக்கிக்காரர் கஸ்பியன் கடலை இன்றைக்கும் 'ஹஸார் கடல்' என்றுதான் சொல்கிறார். மிஞ்சியது அந்தப் பெயர் ஒன்றுதான். அப்படித்தான் புத்தகத்தின் கடைசிப் பக்கம் முடிகிறது. நானும் நம்பித்தான் மூடினேன்.

புதன்கிழமை மாலை கதவு தட்டப்பட்டது. குலேந்திரன். கையில் ஒரு பை. முகமெல்லாம் பல்.

"சங்கத்துக்கு எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வேணும், ஐயா. நீங்கள் சும்மா இருந்தால் போதும். எல்லாம் நாங்கள் பாப்பம்."

ஐயா! ஞாயிற்றுக்கிழமை வரை நான் வெறும் அண்ணைதான்.

பையிலிருந்து பொன்னாடையை எடுத்தார். மடிப்பைப் பார்த்தேன். நாலு மூலையும் ஒன்றோடொன்று பொருந்தியிருந்தன.

"எத்தனை வருசத்துக்கு?" என்றேன். கை தானாகக் கழுத்துக்குப் போயிருந்தது.

குலேந்திரன் வாய்விட்டுச் சிரித்தார். "அதை நீங்களே சொல்லுங்கோவன், ஐயா!"

கதவைச் சாத்தினேன். சனிக்கிழமை புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்த மதாமிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்: கஸார்கள் அழியவில்லை, மதாம். லா சப்பலில் சங்கம் நடத்துகிறார்கள்.