அண்ணன் கொண்டுவந்த அரிசி

மழை கொட்டும் பட்டணத்தில் லீவை எப்படிக் கழிப்பது என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியும். பதினோரு நாள் கழித்திருக்கிறேன். நாலு நாளுக்கென்று போனது அது. இரண்டாம் உலகச் சண்டைக் காலம், எனக்குப் பன்னிரண்டு வயது. ஒன்றும் தெரியாத வயது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பலமுறை பார்த்திருக்கிறேன். முடியவில்லை. பன்னிரண்டு வயதில் எல்லாம் தெரியும்.

மயிலாப்பூரில் அத்தை இருந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. மாமா டிராம் கண்டக்டர். அத்தைக்கு மூன்று மாதம் முன்புதான் தலைப்பிரசவம் ஆகியிருந்தது. தலைப்பிரசவத்தைப் பிறந்த வீட்டில் பார்ப்பதுதான் முறை. ஆனால் அந்தச் சமயம் அம்மா டைபாய்டில் படுத்திருந்ததால் அத்தை பட்டணத்து ஆஸ்பத்திரியிலேயே பெற்றுக்கொண்டாள். யாரும் குறை சொல்லவில்லை. அப்பாவுக்குத்தான் அது உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் விழுப்புரத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். தீபாவளி லீவு விட்டதும், தாய்மாமன் முறைக்குக் குழந்தைக்கு ஒரு வெள்ளி அரைஞாண் வாங்கிக்கொண்டு எங்களையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

அரைஞாண் மட்டும் போதாது. அரிசியும் கொண்டுபோக வேண்டும். பட்டணத்தில் ஆளுக்கு இத்தனை என்று அரிசியை அளந்து கொடுக்கும் ரேஷன் வந்துவிட்ட காலம். ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறவர்கள் தங்கள் வயிற்றுக்கு வேண்டியதைத் தாங்களே சுமந்துகொண்டு போவதுதான் அன்றைக்கு மரியாதை. ஆனால் ஜில்லா விட்டு ஜில்லா அரிசி கொண்டுபோகக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு. அதனால் எல்லோரும் செய்ததையே அம்மாவும் செய்தாள். இரண்டு தலையணையின் பஞ்சை உருவிவிட்டு, எட்டுப் படி அரிசியைப் போட்டுத் தைத்தாள். தலை வைத்துப் படுத்தால் கருங்கல் மாதிரி இருந்தது.

ரயிலில் மதுராந்தகம் தாண்டியதும் ஒருவர் வந்து, செங்கல்பட்டில் ஒவ்வொரு பெட்டியாக ஏறிச் சோதனை போடுகிறார்கள், பிடித்தால் கேஸ்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார். அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. வாத்தியார் வேலை போய்விடும் என்றார். அம்மா, "ஒண்ணு மேல நான் உக்காந்துக்கிறேன், பொம்பளையை எழுப்ப மாட்டாங்க" என்றாள். அவர் கேட்கவில்லை. இரண்டு தலையணையையும் தூக்கிக்கொண்டு வாசல்பக்கம் போய், ஒன்றன்பின் ஒன்றாக வெளியே தள்ளினார். செங்கல்பட்டில் வண்டி பத்து நிமிஷம் நின்றது. எங்கள் பெட்டியில் ஒருவரும் ஏறவில்லை.

அத்தை வீடு மயிலாப்பூரில் கால்வாய்க்குப் பக்கத்துச் சந்தில். ஓடு போட்ட ஒரே வீட்டில் நாலு குடித்தனம். அத்தைக்கு ஒரு அறையும் சமையலுக்கு ஒரு மறைப்பும். எங்களைப் பார்த்ததும் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். குழந்தை கொழுகொழுவென்று, தொடையில் மூன்று மடிப்போடு இருந்தது. அரைஞாண் அதன் இடுப்புக்குப் பிடிப்பாகவே இருந்தது. "கொஞ்சம் பெரிசா வாங்கியிருக்கணும்" என்று அப்பா வருத்தப்பட்டார்.

அம்மா அடுப்பங்கரையில் அத்தையிடம் தலையணைக் கதையைச் சொல்லி அழுதாள். அத்தை கேட்டுக்கொண்டாள். "அதை விடு அண்ணி. நாலு நாள்தானே" என்றாள். சாயங்காலம் மாமா காக்கிச் சட்டையோடு வந்து கால் கழுவும்போது அத்தை அவரிடம் சொன்னது எங்கள் மூவர் காதிலும் விழுந்தது.

"அண்ணன் எட்டுப் படி அரிசி கொண்டாந்திருக்கு."

"மெய்யாவா? இந்தக் கெடுபிடில எப்டி மச்சான் தூக்கிக்கினு வந்தே?" என்று மாமா உள்ளே வந்து அப்பாவின் தோளைத் தட்டினார்.

அப்பா சிரித்தார். ஏதோ ஒரு மாதிரி கொண்டுவந்தேன் என்பதுபோல் கையை அசைத்தார். தன் பிறந்த வீடு வெறுங்கையோடு வரவில்லை என்று புருஷனுக்கு முன்னால் நிற்க வேண்டும் அத்தைக்கு. அதைக் கெடுக்க அப்பாவுக்கு மனசில்லை, தைரியமும் இல்லை. அந்தக் கணத்தில் வாயைத் திறந்திருந்தால் இரண்டு வார்த்தையில் முடிந்திருக்கும்.

மறுநாள் விடிகாலையில் மழை பிடித்துக்கொண்டது. செத்த காலேஜ், உயிர் காலேஜ், கடற்கரை என்று மாமா எனக்குப் போட்டிருந்த திட்டமெல்லாம் போயிற்று. மியூசியத்தையும் மிருகக்காட்சி சாலையையும் பட்டணத்து ஜனங்கள் அப்படித்தான் சொல்வார்கள். இரண்டையும் நான் பார்த்தது கல்யாணத்துக்குப் பிறகு. மூன்றாம் நாள் மாமா வந்து, "செங்கல்பட்டாண்ட தண்டவாளமே அட்ச்சிக்கினு பூட்ச்சாம் மச்சான். வண்டி எப்போ வுடுவான்னு எவனுக்கும் தெர்ல" என்றார். பிறகு அவராகவே சமாதானம் சொன்னார். "இன்னா இப்போ, இருந்துட்டுப் போங்க. அதான் அரிசி கீதே."

அத்தை குனிந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

மழைநாளில் செய்வதற்கு அந்த வீட்டில் காரியம் இல்லாமலில்லை. ஒழுகுகிற இடங்களுக்குப் பாத்திரம் வைக்கலாம். எட்டு இடத்தில் ஒழுகியது, ஐந்து பாத்திரம்தான் இருந்தன. குழந்தையின் துணிகளை அடுப்புக்கு மேல் கொடி கட்டிக் காயவைக்கலாம். கொல்லைக் கதவைத் திறந்தால் கால்வாய். பழுப்புத் தண்ணீரில் கூரைக் கீற்றும் செருப்பும், ஒருநாள் ஒரு கன்றுக்குட்டியும் மிதந்து போயின. அக்கரையில் குடிசைக்காரர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று சட்டி பானைகளைக் கரையேற்றிக்கொண்டிருந்தார்கள். முதல் இரண்டு நாள் அதை வேடிக்கை பார்த்தேன். எனக்கு அது தமாஷாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு அத்தை சாப்பிட உட்காருவாள். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு. கரண்டியால் பானையை ஓங்கிச் சுரண்டும் சத்தம் கேட்கும். ஐந்தாம் நாள் தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். அவள் தட்டில் ஒன்றுமில்லை. வடித்த கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உதட்டின் மேல் விரலை வைத்தாள். ஏதோ எங்கள் இருவருக்குள்ளான விளையாட்டு மாதிரி சிரிக்கக்கூடச் சிரித்தாள்.

அடுத்த நாள் மாமா என்னை டிராமில் கூட்டிக்கொண்டு போனார். சின்னப் பெண் வீட்டில் அடைந்து கிடக்கிறாளே பாவம் என்று அவருக்கு. காலையில் மயிலாப்பூரில் ஏறினால் ராயப்பேட்டை, மவுண்ட் ரோடு, பாரிஸ் கார்னர். திரும்ப அதே வழி. மூன்று நடை போனேன். பக்கத்துப் படுதாக்களை இறக்கிவிட்டிருந்ததால் வெளியே ஒன்றும் தெரியாது. படுதா கிழிசலில் கண்ணை வைத்துப் பார்த்தேன். தண்ணீருக்குள் தண்டவாளம் எங்கே என்று தெரியாமல் வண்டி தடவித் தடவிப் போயிற்று. பட்டணத்தில் நான் பார்த்தது அவ்வளவுதான். நன்றாகத்தான் இருந்தது.

மத்தியானம் வண்டி நின்ற இடத்தில் மாமா தூக்குச்சட்டியைத் திறந்தார். பாதிச் சோற்றை மூடியில் போட்டு எனக்குக் கொடுத்தார்.

"உங்கப்பன் தங்கமான ஆளு பாப்பா. என் ஃபிரண்டு வூட்டுக்குலாம் சொந்தக்காரன் வந்தா, வெறுங்கைய வீசிக்கினு வந்து குந்திக்கினு துன்னுட்டுப் போறான். உங்கப்பன் பாரு" என்றார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"உங்க அத்தை நல்லா துன்னுதா? புள்ளக்கிப் பால் குடுக்கறவ. மூஞ்சி ஒரு மாதிரி கீது."

இதை அவர் சும்மா கேட்கவில்லை. கையில் கவளத்தை வைத்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்துக் கேட்டார். அப்பா மானம் போகும், அத்தை விரலை வைத்தாளே என்றெல்லாம் ஓடியது. கூடவே இன்னொன்றும் ஓடியது. சொன்னால் இந்த மூடிச் சோற்றை எப்படி முடிப்பது?

"சாப்பிடுது மாமா" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுக் கவளத்தை வாயில் போட்டுக்கொண்டார்.

ஏழாம் நாளிலிருந்து குழந்தை முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. வாயை வைக்கும், இழுக்கும், விட்டுவிட்டுக் கத்தும். சீதளம் என்றாள் அத்தை. அடுத்த குடித்தனத்தில் தையற்காரர் ஒருவரின் மனைவி இருந்தாள். உருது பேசும் முஸ்லிம் குடும்பம். அந்த அம்மாள் வந்து குழந்தையை வாங்கிப் பார்த்தாள், அத்தையையும் பார்த்தாள். "சீதளமும் இல்லே ஒண்ணும் இல்லே. பால் இல்லே. தாய் துன்னாத்தானே பால் வரும்?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டாள். கொஞ்ச நேரத்தில் ஒரு கிண்ணம் ஜவ்வரிசிக் கஞ்சி கொண்டுவந்து, அத்தை குடித்து முடிக்கும் வரை நகராமல் நின்றாள். அவர்கள் வீட்டிலும் ஐந்து குழந்தைகள். மறுபடி ஒருமுறைதான் அவளால் கொண்டுவர முடிந்தது.

அன்றிலிருந்து அம்மாவுக்கு வாய் கசந்தது, அப்பாவுக்கு வயிறு சரியில்லை. பெரியவர்கள் யாரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமலே அப்படி ஆயிற்று. எனக்கு மட்டும் பசித்தது. அப்பா ஒருநாள் கொட்டும் மழையில் மாம்பலத்துக்கு நடந்தார். அங்கே எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வசதியாக இருந்தார். அவரிடம் நாலு படி அரிசி கேட்பது என்று போனவர், இருட்டுவதற்கு முன் தொப்பலாக நனைந்து திரும்பினார். அவர்கள் காபி கொடுத்தார்களாம், தலை துவட்டத் துண்டு கொடுத்தார்களாம், தங்கை சௌக்கியமா என்று விசாரித்தார்களாம். "நல்லா இருக்கான்னு சொன்னேன். அதுக்கப்புறம் எப்படிக் கேக்குறது?" என்றார் அம்மாவிடம்.

கேட்டிருக்கலாம். மாமாவிடமும் சொல்லியிருக்கலாம். மாமா நாலு கண்டக்டர் வீட்டில் கை நீட்டி எப்படியாவது அரிசி கொண்டுவந்திருப்பார், அவர் அப்படிப்பட்ட ஆள். நாங்கள்தான் அவரிடமிருந்து அதை மறைத்தோம். நான்கு பேரும் சேர்ந்து.

பத்தாம் நாள் லைனைச் சரிபண்ணிவிட்டதாகத் தகவல் வந்தது. மறுநாள் காலை மாமா டூட்டிக்குப் போய்விட்டார். ஊருக்குப் போகிறவர்களைச் சோறு கட்டிக் கொடுக்காமல் அனுப்பக் கூடாதே! அத்தை புளிச்சோறு கிளறி வாழை இலையில் கட்டி வைத்திருந்தாள். அம்மா வேண்டாம் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். "புள்ள பசி தாங்காது அண்ணி" என்று அத்தை பொட்டலத்தை என் கையில் திணித்தாள். அவள் தோளில் குழந்தை தலையைச் சாய்த்துக் கிடந்தது. இரண்டு நாளாக அழவேயில்லை. அழுகை நின்றது நல்லதுக்குத்தான், தேறிவிடும் என்றாள் அம்மா. அரைஞாண் இடுப்பிலிருந்து நழுவித் தொடைக்கு வந்திருந்தது. அப்பா அதை மேலே ஏற்றிவிட்டார். கையை எடுத்ததும் மறுபடி இறங்கியது.

தாம்பரம் தாண்டியதும் நான் பொட்டலத்தைப் பிரித்தேன். அம்மாவும் அப்பாவும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். முழுவதையும் நானே சாப்பிட்டேன். ருசியாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்துத் தபால்காரர் தெருவிலேயே என் கையில் ஒரு கார்டைக் கொடுத்தார். மாமாவின் கையெழுத்து. கார்டை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், படித்தேன். குழந்தை புதன்கிழமை காலையில் தவறிவிட்டது, பேதி என்று டாக்டர் சொன்னார், தங்கள் தங்கை எழுந்து நடமாடுகிறாள் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே, இடம் போதாமல் பொடி எழுத்தில்: "அந்த மழையிலும் நீங்கள் அரிசி சுமந்து வந்து எங்களைப் பட்டினி போடாமல் காத்தீர்கள். அதை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்."

சாவுச் சேதி வந்த கார்டை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. வாசலில் நின்று அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் தூறலில் நின்று ஒருமுறை மனசுக்குள் படித்தார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவளுக்காக உரக்கப் படித்தார். நடமாடுகிறாள் என்பதோடு நிறுத்திவிட்டார்.

அம்மா வாசற்படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நடுவில் நிமிர்ந்து, "வேற என்ன எழுதியிருக்காரு? நம்மள ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டாள்.

"அவ்வளவுதான்" என்றார் அப்பா.

கார்டை நாலாகக் கிழித்துச் சாக்கடையில் போட்டார். பிறகு என்னைப் பார்த்தார். நான் படித்துவிட்டேன் என்பது என் முகத்திலேயே தெரிந்திருக்கும்.

"போய்த் தலைக்குக் குளிச்சிட்டு வா" என்றார்.

நான் போய்க் குளித்தேன்.