வரைபடத்தில் இல்லாத குழாய்

எங்கள் புது வீட்டுக்கு வாரண்டி எடுப்பதா வேண்டாமா என்று நானும் என் கணவரும் இரண்டு வாரம் போனில் பேசினோம். அவர் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். நான் தஞ்சாவூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். பதினெட்டு வருடம் வாடகை வீடுகளில் இருந்துவிட்டு, புறவழிச்சாலையைத் தாண்டி ஒரு கட்டுமான நிறுவனம் வரிசையாகக் கட்டிக்கொண்டிருந்த மாடி வீடுகளில் ஒன்றை வாங்கியிருந்தோம். சில வருடங்களுக்கு முன்புவரை அது குறுவையும் சம்பாவும் விளைந்த இடம். எங்கள் பின்பக்கச் சுவருக்கு அந்தப் புறம் இப்போதும் நடவு நடக்கிறது.

அஸ்திவாரம், தூண் போன்றவற்றில் குறை வந்தால் சட்டப்படியே கட்டியவர்கள் சில வருடங்களுக்குப் பொறுப்பு. நிறுவனம் தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு கொடுத்த வாரண்டி அதற்கு மேல். குழாய், வயரிங், நீர்க்கசிவு என்று எது வந்தாலும் மூன்று வருடத்துக்கு அவர்கள் ஆள் வந்து சரி செய்வார்கள். எனக்கு அது வீண் செலவாகத் தோன்றியது.

“புது வீடுங்க. மூணு வருஷத்துல என்ன ஆயிடப்போகுது?” என்றேன்.

“நான் அங்க இருந்தா நானே பாத்துக்குவேன். நீ ஒத்த ஆளா இருக்க. மழைக்காலத்துல சுவர் கசிஞ்சா யாரத் தேடிப் போவ? எடுத்துடு,” என்றார் அவர்.

வாடகை வீட்டில் ஒரு குழாய் ரிப்பேருக்காக மூன்று நாள் லீவு போட்டது நினைவுக்கு வந்தது. சரி என்றேன்.

சாவி கொடுப்பதற்கு ஒரு வாரம் இருந்தது. பள்ளி விட்டதும் தினமும் போய் வீட்டைப் பார்த்துவிட்டு வருவேன். அப்படி ஒருநாள் மாடி பால்கனியில் நின்றபோதுதான் வாஷிங் மெஷினுக்கு அங்கே குழாய் இல்லை என்பது கண்ணில் பட்டது. அலுவலகத்தில் கேட்டேன். வரைபடத்தில் இல்லாததைச் செய்ய மேலிடத்து அனுமதி வேண்டும், அதற்கு ஒரு மாதமாவது ஆகும் என்றார்கள்.

எங்கள் வரிசை வீடுகளுக்கெல்லாம் தண்ணீர்ப் பைப் வேலை பார்த்தவர் ஒரு பிளம்பர். நாற்பத்தைந்து வயதிருக்கும். திருப்பனந்தாள் பக்கத்துக்காரர். வாரமெல்லாம் வேலை நடக்கும் இடத்திலேயே தங்கிவிட்டுச் சனிக்கிழமை மாலை ஊருக்கு பஸ் ஏறுவார். அவரிடம் போய் நின்றேன்.

“ஆபீஸ்ல சொல்லாம செஞ்சா திட்டுவாங்க டீச்சர்,” என்றார்.

“பாத்ரூம் சுவருக்கு அந்தப் பக்கம்தானே அண்ணே. ஒரு சின்ன பைப். யாருக்குத் தெரியப்போகுது?”

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். மறுநாளும் கேட்டேன். அதற்கு அடுத்த நாளும் கேட்டேன். கடைசியில், ஞாயிற்றுக்கிழமை சைட்டில் யாரும் இருக்கமாட்டார்கள், அன்று போட்டுத் தருகிறேன் என்றார். அந்த வாரம் அவர் ஊருக்குப் போகவில்லை. சுவரைக் கொத்தி, பைப்பை இணைத்து, தண்ணீரைத் திறந்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. அதன்பிறகுதான் பூசினார். கிளம்பும்போது, “ஆபீஸ்ல மட்டும் சொல்லிடாதீங்க டீச்சர்,” என்றார். சொல்லமாட்டேன் என்றேன்.

மறுவாரம் வாரண்டிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். “வரைபடத்தில் இல்லாத எந்த மாற்றமும் வீட்டு உரிமையாளரால் செய்யப்படவில்லை” என்று ஒரு வரி அதில் இருந்தது. மாற்றம் இருந்தால் வாரண்டி செல்லாது. நான் அந்த வரியைப் படிக்காமல் கையெழுத்திட்டேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். படித்தேன். ஒரு குழாய்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பின்பக்க வயலில் வரப்பு தெரியாமல் தண்ணீர் நின்றது. நான்காம் நாள் கீழே ஹாலில், மாடி பாத்ரூமுக்கு நேர் கீழே இருக்கும் சுவரில், உள்ளங்கை அளவுக்கு ஈரம் தெரிந்தது. இரண்டு நாளில் அது கதவு உயரத்துக்கு இறங்கியது. நிறுவனத்துக்கு போன் செய்தேன். மறுநாளே சூப்பர்வைசர் இரண்டு ஆட்களோடு வந்தார். வாரண்டி எடுத்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று அந்த நிமிடம் நினைத்தேன்.

மாடியில் சுவரைக் கொத்தினார்கள். வாஷிங் மெஷின் குழாயின் இணைப்பு முதலில் தெரிந்தது. சூப்பர்வைசர் தன் போனில் இருந்த வரைபடத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இந்த லைன் பிளான்ல இல்லையே மேடம். யார் போட்டது?”

என் கண் முன்னே அந்தப் படிவத்தின் வரி வந்து நின்றது. ஹால் சுவரில் இறங்கிக்கொண்டிருந்த ஈரமும் வந்தது.

“தெரியலையே. நாங்க சாவி வாங்குறப்பவே இருந்துச்சு,” என்றேன்.

குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. வகுப்பில் காப்பியடித்த பிள்ளைகள் என் முன்னால் நின்று பொய் சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஏதாவது ஒன்று காட்டிக்கொடுத்துவிடும். என் முகத்தில் அன்று எதுவும் காட்டிக்கொடுக்கவில்லை.

அந்த இணைப்பு காய்ந்து கிடந்தது. அதை நான் பார்த்தேன். சூப்பர்வைசரும் பார்த்தார். இன்னும் ஒரு முழம் தள்ளிக் கொத்தியபோதுதான் பாத்ரூம் கழிவுநீர்ப் பைப்பின் மூட்டு விட்டுப்போயிருந்தது தெரிந்தது. வரைபடத்தில் இருந்த பைப் அது; கழிவுநீர் வேலையை நிறுவனம் வேறு ஆட்களிடம் கொடுத்திருந்தது. அதை ஒட்டினார்கள், பூசினார்கள், கீழே ஹாலுக்கு வண்ணமும் அடித்துக் கொடுத்தார்கள். எல்லாம் முடிந்து சூப்பர்வைசர் நீட்டிய அறிக்கையில், “பிளம்பர் அனுமதியின்றிப் போட்ட கூடுதல் இணைப்பால் கசிவு” என்று இருந்தது.

“வேற மூட்டுலதானே கசிஞ்சுது?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“அதெல்லாம் எங்க உள் விஷயம் மேடம். உங்களுக்கு வேலை முடிஞ்சுதுல்ல?”

கையெழுத்துப் போட்டேன்.

பள்ளியில் என்னோடு வேலை பார்க்கும் அறிவியல் டீச்சர் அதே நிறுவனத்தில் வீடு பதிவு செய்திருந்தார். வாரண்டி எடுக்கலாமா என்று கேட்டார். “தைரியமா எடுங்க. எனக்கு ஒரு பைசா இல்லாம செஞ்சு குடுத்தாங்க,” என்றேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மற்ற டீச்சர்களும் கேட்கும்படி அதை விவரமாகச் சொன்னேன். எதைச் சொல்லாமல் விட வேண்டும் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

மார்கழியில் கிச்சன் குழாயில் ஒரு சொட்டு. இதற்கு எதற்குப் புகார் என்று, குடியிருப்பு வாசலில் இருந்த வாட்ச்மேனிடம் அந்த பிளம்பர் வந்தால் அனுப்பச் சொன்னேன்.

“அவரு இப்ப வர்றதில்லையே டீச்சரம்மா. உங்க வீட்டு மேட்டர்லதான் நிப்பாட்டிட்டாங்க. உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது என்றேன். அந்த வார்த்தையை இரண்டாவது முறையாகச் சொல்கிறேன் என்று வீட்டுக்குள் வந்த பிறகுதான் உறைத்தது.

கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.  “இப்ப போய்ச் சொன்னா அவருக்கு வேலை திரும்பக் கிடைக்குமா? வாரண்டிதான் போகும். விடு,” என்றார். அவர் சொன்னதைச் சாக்காக வைத்துக்கொண்டு இரண்டு மாதம் சும்மா இருந்தேன். அந்தக் குற்றத்தில் அவருக்குப் பங்கில்லை. அவர் வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்றுதான் அவரிடம் சொன்னேன் என நினைக்கிறேன். அந்த இரண்டு மாதமும் துணி துவைக்க மாடிக்குப் போகும்போதெல்லாம் குழாயைத் திறக்கக் கை தயங்கும். சில நாள் கீழே உட்கார்ந்து கையாலேயே துவைத்தேன். அதனால் யாருக்கு என்ன லாபம்.

மாசியில் ஒரு சனிக்கிழமை நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனேன். மேனேஜரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

“நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம் மேடம். இப்ப உங்க வாரண்டிய நாங்க ரத்து பண்ணியாகணும்.”

“பண்ணிக்கங்க. அவர வேலைக்குத் திரும்ப எடுத்துக்குங்க. நான்தான் கேட்டேன். கசிஞ்சதும் அவர் போட்ட பைப் இல்ல.”

“அனுமதி இல்லாம செஞ்சது உண்மைதானே? அதுவும் இல்லாம அவரே எழுதிக் குடுத்துட்டாரு.” ஒரு ஃபைலைப் புரட்டி என் பக்கம் திருப்பி வைத்தார். கோணல்மாணலான எழுத்தில் மூன்று வரி. நானாகவே போட்டேன், வீட்டுக்காரர்களுக்கு இது தெரியாது, என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்.

அந்த மூன்று வரியையும் விரலை வைத்துப் படித்தேன். மேனேஜர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

வாட்ச்மேனிடம் விலாசம் வாங்கிக்கொண்டு மறுநாள் கும்பகோணத்துக்கு பஸ் ஏறினேன். அங்கிருந்து திருப்பனந்தாளுக்கு இன்னொரு பஸ். அறுவடை முடிந்த வயல்களில் உளுந்து பச்சையாக நின்றது. என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வாய்க்கால் ஓரத்தில் இருந்த அவருடைய வீட்டு வாசலில் நின்றதும் அதில் ஒரு வார்த்தைகூட நினைவில் இல்லை.

அவருடைய மனைவி வெளியே வந்தார். யாரென்று சொன்னேன்.

“ஓ. நீங்கதான் அந்த டீச்சரா,” என்றார். ஒரு நாற்காலியைக் கொண்டு வந்து வாசலிலேயே போட்டார். உள்ளே கூப்பிடவில்லை.

பிளம்பர் பக்கத்து வயலில் போர்வெல் மோட்டாருக்குப் பைப் மாட்டிக்கொண்டிருந்தார். மனைவி போன் செய்ததும் பைக்கில் வந்தார். கையெல்லாம் சேறு. “வாங்க டீச்சர், டீ குடிச்சீங்களா?” என்று கேட்டார். 

“ஏண்ணே அப்படி எழுதிக் குடுத்தீங்க? நான்தான் கேட்டேன்னு சொல்லியிருக்கலாமே?”

அவர் தொட்டியில் கையைக் கழுவிக்கொண்டே பேசினார். “சொல்லணும்னுதான் போனேன். நீங்க தெரியாதுன்னு சொல்லிட்டதா அங்க சொன்னாங்க. அதுக்கப்புறம் நான் மாத்திச் சொன்னா உங்க வாரண்டியும் போயிடும். எனக்கு எப்படியும் வேலை இல்லன்னு ஆயிடுச்சு. உங்க வீட்டையும் எதுக்குக் கெடுக்கணும்?”

“என்மேல கோவமே வரலையா உங்களுக்கு?”

“வராம என்ன டீச்சர். ஒரு தடவ போன் பண்ணுவீங்கன்னு நெனச்சேன். ஒரு மாசம் வரைக்கும் நெனச்சேன்.”

 மன்னிச்சிடுங்க என்றேன். அவர் தலையை ஆட்டினார். அது சரி என்பதா, போதும் என்பதா என்று எனக்குப் புரியவில்லை.

“ஒரே வார்த்தைல முடிச்சிட்டீங்க நீங்க,” என்றார் அவர் மனைவி. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. “பதினோரு வருஷம் அங்க வேலை பாத்தாரு. இப்ப யாராவது மோட்டார் ரிப்பேர்னு கூப்பிட மாட்டாங்களான்னு போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. வேற கம்பெனிக்குப் போனா, அங்க ஏன் நிப்பாட்டுனாங்கன்னுதான் மொதல்ல கேக்குறாங்க.”

“விடு,” என்றார் அவர்.

“நீங்க விட்டுடுவீங்க. என்னால முடியல.”

நான் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தேன். முந்தின இரவு எழுதியது. குழாயை நான்தான் கேட்டு வாங்கினேன், அவர் மறுத்தும் வற்புறுத்தினேன், கசிவு அவர் போட்ட இணைப்பிலிருந்து வரவில்லை என்பதைக் கண்ணால் பார்த்தேன், பார்த்தும் நிறுவனத்திடம் பொய் சொன்னேன் என்று எழுதியிருந்தேன். கீழே என் பெயர், பள்ளி, போன் நம்பர்.

“இதெல்லாம் எதுக்கு டீச்சர்,” என்று அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அவர் மனைவிதான் கையை நீட்டி வாங்கினார். நின்றபடியே முழுதும் படித்தார். மறுபடி மேலிருந்து படித்தார்.

“தேதி போடலையே. போட்டுக் குடுங்க,” என்றார்.

நாற்காலிக் கையில் வைத்துத் தேதி எழுதினேன்.  அவர் மனைவி அதை உள்ளே கொண்டு போனார். திரும்பி வரும்போது ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்.

திங்கட்கிழமை அறிவியல் டீச்சரிடம் முழுக் கதையையும் சொன்னேன். அவர் சங்கடப்பட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். வாரண்டியை எப்படியும் எடுப்பேன், நான்தான் எதையும் மாற்றப்போவதில்லையே என்றார். அவர் சொன்னது சரிதான். அவர் வீட்டுக்கு அது தேவையாகக்கூட இருக்கலாம்.

வைகாசியில் தெரியாத எண்ணிலிருந்து ஒரு போன். கும்பகோணத்தில் கல்யாண மண்டபம் கட்டும் ஒரு கான்ட்ராக்டர்.

“இந்த லெட்டர் நீங்க எழுதுனதுதானா?”

“ஆமா.”

“அந்த ஆள் கேக்காமலே போட்டுட்டாருன்னுதானே அங்க சொல்றாங்க?”

“இல்லீங்க. நான் மூணு நாள் கெஞ்சித்தான் போட்டாரு. பொய் சொன்னது நான்தான்.”

சரிங்க என்று வைத்துவிட்டார். வேலை கொடுத்தாரா என்று நான் கேட்கவில்லை. பிளம்பரின் எண் என் போனில் இருக்கிறது. ஆனால் அழைத்ததில்லை. ஆடி மாதத்தில் வாட்ச்மேன்தான், அவர் கும்பகோணத்தில் ஏதோ மண்டப வேலையில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன் என்றார். எந்த மண்டபம் என்று கேட்டேன். அது தெரியாது டீச்சரம்மா என்றார்.