இர்யாவுக்குக் கோடையில் நேரமில்லை

கோடை வந்தால் எல்லாரும் ஏரிக்கரை வீட்டுக்குப் போய்விடும் எங்கள் குளிர்நாட்டில், ஒருவரைப் பற்றி விசாரிக்கிறவர்கள், என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்பதற்கு முன்னால் எந்த ஏரி என்றுதான் கேட்பார்கள். இர்யாவின் ஏரி, வார்கௌஸ் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம், இறங்கிச் சைக்கிளில் காட்டு வழியே இன்னும் கொஞ்சம். அவளுடைய தாத்தா அங்கே மரக்கட்டைகளை அடுக்கி ஒரு வீடும், கரையை ஒட்டி, சுடுகல்லில் தண்ணீர் ஊற்றி ஆவியில் குளிக்கும் ஒரு சவ்னா அறையும் கட்டி, குயிக்கலா என்று பெயரும் வைத்தார். குயிக்கா என்பது அந்த ஏரியில் விடிய விடிய ஓலமிடும் பறவை. பெயர் வைக்க வேறு நல்ல விஷயம் கிடைக்கவில்லை போலும்.

தாத்தாவுக்குப் பின் அப்பா, அப்பாவுக்குப் பின் இர்யாவும் அவள் தம்பி ரைமோவும். பாகம் பிரிக்கவில்லை. அப்பாவைப் புதைத்த ஈரம் காய்வதற்குள் பங்கு கேட்டான் என்ற பெயரை வாங்க ரைமோ தயாராக இல்லை. பங்கு கேட்கிறாயா என்று அவனிடம் கேட்டு அவன் மனதைப் புண்படுத்த இர்யாவும் தயாராக இல்லை. இப்படி ஒருவர் மனதை ஒருவர் நோகடிக்காமலே எங்கள் ஆட்கள் ஒரு ஆயுளைக் கழித்துவிடுவார்கள். நான் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

ரைமோ தெற்கே தலைநகருக்குப் பக்கத்தில் குடியேறிவிட்டான். வார்கௌஸில் இருந்தவள் இர்யாதான். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. வியாழக்கிழமை தவறாமல் பட்டாணி சூப் கிண்டுவாள். மே மாதம் ஏரியில் பனிக்கட்டி கரைந்ததும் ஓய்வு நாளெல்லாம் குயிக்கலாவில். எலிப்புழுக்கையைக் கூட்டித் தள்ள வேண்டும், மெத்தைகளை வெயிலில் போட வேண்டும், புகைபோக்கியைச் சுரண்ட வேண்டும், குளிருக்கு முன் கரையேற்றி வைத்த மரத்துறையைத் திரும்ப நீரில் இறக்க வேண்டும். அப்புறம் ஜூன் கடைசியில் நடுக்கோடைத் திருநாள். ரைமோ, அவன் மனைவி, மகள் மிந்து, காரோடு வந்து இறங்குவார்கள். சின்ன மீனை மாவில் புரட்டிப் பொரித்து, புது உருளைக்கிழங்கை சோம்பு மாதிரி மணக்கும் ஒரு தழையோடு வேகவைத்து, இர்யா அடுப்படியிலேயே நிற்பாள்.

மின்சாரம் கிடையாது. தண்ணீர் ஏரியிலிருந்து வாளியில் வர வேண்டும். அம்மா விரித்த மஞ்சள் மேசைவிரிப்பு, காது உடைந்த நீலக் கோப்பைகள், ஆளுக்கொரு துண்டு மாட்ட ஆளுக்கொரு ஆணி, எதுவும் மாறவில்லை. சவ்னாவிலும் தாத்தாவின் வழக்கமே நடந்தது. எல்லாரும் பலகையில் ஏறி உட்கார்ந்ததும், முதல் அகப்பை தண்ணீரைச் சுடுகல்லில் ஊற்றுகிறவர், "எல்லாருக்கும் இடம் இருக்கா?" என்று கேட்க வேண்டும். மற்றவர்கள், "இருக்கு, இருக்கு" என்பார்கள். தோளோடு தோள் நசுங்கி உட்கார்ந்திருந்தாலும் அதுதான் பதில்.

இனி அவுலிஸ் கதைக்கு வருகிறேன். காகித ஆலையில் எலக்ட்ரீஷியன், கொஞ்சமாகப் பேசுவான், பேசினால் சிரிக்க வைப்பான். பனிக்காலம் முழுக்க அவனும் இர்யாவும் ஒன்றாகத்தான் இருப்பார்கள். சனிக்கிழமை அவள் வீட்டில் சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை உறைந்த ஏரியில் துளை போட்டு மீன்பிடிப்பு. மே வந்துவிட்டால் அவன் தன் அம்மாவின் ஏரிக்கு, இவள் தன் ஏரிக்கு. செப்டம்பரில் மறுபடியும் சேருவார்கள். ஊரில் அவனைக் குளிர்காலப் புருஷன் என்று கேலி செய்வார்கள். இர்யாவுக்கு அதில் வருத்தமில்லை. இந்த ஊரில் அப்படிப் பாதி பேர்.

ஒரு மார்ச் மாதம் பனிக்கட்டி மேல் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அவன் தூண்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"இந்த நடுக்கோடைக்கு என் ஏரிக்கு வாயேன்."

"நடுக்கோடைக்கா? ரைமோ புள்ளையோட வர்றானே. யாரு சமைப்பா?"

"ஏன், அவங்களுக்குக் கை இல்லையா?"

"கை இருக்கு. அந்த அடுப்போட குணம் தெரியாது. வீடு பூரா புகையாக்கிருவான்."

"புகையட்டும். கொசுவாவது போகும். ஒரே ஒரு தடவை வந்து பாரு, இர்யா. புடிக்கலேன்னா அடுத்த பஸ்ல திரும்பிரு."

"அவங்க ஏமாந்து போயிருவாங்கப்பா. அடுத்த வருஷம் பாக்கலாம்."

"சரி" என்றான் அவுலிஸ்.

எங்கள் ஆட்கள் சரி என்று சொன்னால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த வருஷம் அவன் கேட்கவில்லை. அவன் மறுபடி கேட்பான் என்று இவள் இருந்தாள்; இவளாக ஞாபகம் வைத்துச் சொல்வாள் என்று அவன் இருந்தான். இன்னும் ஒரு குளிர்காலம் ஓடியது. அப்புறம் அவன் வருவது குறைந்து, மர்யுத் என்று ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். பட்டணத்துக்காரி, சொந்தமாக ஏரியே இல்லாதவள்.

இர்யா அழுதாள், சூப் கிண்டினாள், மறுபடி அழுதாள். பிறகு தனக்குத்தானே ஒரு சமாதானம் கண்டுபிடித்தாள். அவனுக்குத் தன் ஏரியை விட மனசில்லை, அதனால் ஏரி இல்லாதவளாகப் பார்த்துப் பிடித்திருக்கிறான். நான் குயிக்கலாவை விடாத மாதிரி அவனும் அதை விடவில்லை, இதில் யாரைக் குற்றம் சொல்ல. அந்தச் சமாதானத்தை வைத்துத்தான் அவள் அத்தனை வருஷமும் தலை நிமிர்ந்து நடந்தாள்.

மிந்து வளர்ந்தாள், இர்யாவின் முதுகு வளைந்தது. ரைமோ குடும்பம் ஒரு நடுக்கோடையைக்கூடத் தவறவிடவில்லை. அதுதான் அவளுக்குத் தெம்பு. அறுபத்தெட்டாவது வயதில் அவளுக்கு ஒரே ஒரு கவலை மிச்சமிருந்தது. தனக்குப் பிறகு குயிக்கலாவை யார் பார்த்துக்கொள்வார்கள்? மிந்துவிடம் கேட்டுவிடுவது என்று அந்த நடுக்கோடைக்கு முடிவு செய்தாள்.

சவ்னாவில் முதலில் பெண்கள் முறை. ரைமோவின் மனைவி தலைவலி என்று வரவில்லை. இர்யா தண்ணீர் ஊற்றி, இடம் இருக்கா என்று கேட்டாள். மிந்து இருக்கு என்றாள். சவ்னா வழக்கப்படி இலைக்கொத்தால் தன் முதுகில் தட்டிக்கொண்டே இர்யா ஆரம்பித்தாள்.

"மிந்து, எனக்கப்புறம் இந்த வீடு உனக்குத்தான்னு நெனச்சிருக்கேன். அடுப்பு, மரத்துறை எல்லாம் சொல்லித் தர்றேன். ஒண்ணும் கஷ்டமில்ல."

மிந்து முகத்தைக் கையால் வழித்துக்கொண்டாள். வேர்வையா கண்ணீரா என்று அந்த அறையில் யாருக்குத் தெரியும்.

"அத்தை, நான் பொய் சொல்ல மாட்டேன். எனக்கு வேணாம்."

"இப்ப வேணாம்னா பரவால்ல. புள்ளகுட்டின்னு ஆனப்புறம்..."

"அப்பவும் வேணாம். நாங்க உங்களுக்காகத்தானே வர்றோம்."

"எனக்காகவா?"

"எனக்கு ஆறு வயசு இருக்கறப்பவே அப்பா சொல்லிட்டாரு. அத்தைக்கு வேற யாரும் இல்ல, அவங்க உசுரே குயிக்கலாதான், நாம போகலேன்னா ஒடைஞ்சு போயிருவாங்கன்னு. ஒரு வருஷமாவது கடல் பக்கம் போலாம்னு அம்மா எவ்ளோ கெஞ்சியிருக்காங்க தெரியுமா? அப்பா விடவே மாட்டாரு. நான் சொல்லிட்டேன்னு அவர்கிட்ட சொல்லாதீங்க."

ஆனால் இர்யா சொன்னாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விஷயத்தை அன்றைக்கே கேட்டாள். ஈரத் தலையோடு துண்டைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனாள். ரைமோ நெருப்பில் சாசேஜ் வாட்டிக்கொண்டிருந்தான்.

"என் மேல பரிதாபப்பட்டா வர்றீங்க?"

அவன் சாசேஜைத் திருப்பிப் போட்டான். "பரிதாபம்னு ஏன் சொல்ற. உனக்குப் புடிச்ச எடம். நாங்க கூட இருந்தா நீ சந்தோஷமா இருப்பேன்னு."

"நீங்க வர்றீங்கன்னுதானே நான் இதைக் கட்டிக்கிட்டு அழறேன்."

"என்னது?"

"பத்து வருஷமா முதுகு வலியோட தண்ணி தூக்கறேன் ரைமோ. கரண்ட் இழுத்து ஒரு மோட்டார் போடணும்னு எனக்கு ஆசை இருக்காதா?"

"அப்ப ஏங்க்கா போடல? நான் எத்தனை தடவை நெனச்சிருக்கேன். அப்பா வச்சத மாத்தினா உனக்கு மனசு தாங்காதுன்னுதான் வாயத் தெறக்கல."

"உனக்குத் தாங்காதுன்னு நான் நெனச்சேன்."

"அந்த ஒடைஞ்ச கோப்பைங்க?" என்றான்.

"அதெல்லாம் எனக்கு வேணும்னு எவன் சொன்னான்?"

ரைமோ சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள், நிறுத்த முடியாமல் சிரித்தாள். சாசேஜ் கருகிப்போனது. அவர்கள் இருவரும் அவ்வளவு நெருக்கமாக இருந்தது அந்தக் கால் மணி நேரம்தான். வீட்டுக்குள் ரைமோவின் மனைவி தலைவலியோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

வெளியே வந்துவிட்ட பேச்சை எடுத்து உள்ளே வைக்கும் வித்தை யாருக்கும் தெரியாது. அந்த ஆகஸ்டிலேயே குயிக்கலா கைமாறியது. வாங்கியது ஓர் இளம் ஜோடி. பழைய வீட்டை இடித்துவிட்டுப் பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்துக் கட்டப்போகிறார்களாம். கட்டைகளின் அடி வரிசை எப்போதோ உளுத்துவிட்டது என்று அவர்கள் காட்டியபோது இர்யாவுக்கு ஆச்சரியமாக இல்லை. அவள் கையெழுத்துப் போட்டாள். உனக்கு அந்த இடம் பிடித்திருந்ததா என்று அவளை யாரும் கேட்டதில்லை, அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. இப்போது கேட்டுப் பார்த்தாள். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

"இனிமே உனக்கு விடுதலைக்கா. எங்க வேணா போ, இஷ்டப்படி இரு" என்றான் ரைமோ, காரில் ஏறும்போது. நல்ல எண்ணத்தில்தான் சொன்னான்.

அடுத்த வருஷம் நடுக்கோடைக்கு முந்தின நாள் ரைமோ குடும்பம் கடல் பக்கம் போயிருந்தது. இர்யா காலையில் சந்தைச் சதுக்கத்துக்குப் போனாள். வேறு போக்கிடமில்லை. காப்பிக் கூடாரத்தில், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அவுலிஸ் உட்கார்ந்திருந்தான். ஊரில் எத்தனையோ தடவை எதிரெதிரே பார்த்துத் தலையசைத்துக்கொண்டு போனவர்கள்தான். அன்றைக்கு வேறு நாற்காலி காலியில்லை.

"நீ ஏரிக்குப் போகலயா?" என்றான்.

"வித்தாச்சு, போன ஆகஸ்ட்ல. நீ இன்னும் கிளம்பலயா?"

"எங்க கிளம்ப? என்னோடது இருந்தாத்தானே."

"என்ன சொல்ற?"

"கல்யாணம் ஆன வருஷமே வித்துட்டேன். மர்யுத்துக்குக் கொசுன்னா ஆகாது."

இர்யா கோப்பையை மேசையில் வைத்தாள். "அவ்ளோ லேசா வித்துட்டியா?"

"அதுல என்ன இருக்கு. சேறும் நாணலும். கால வச்சா முழங்கால் வரைக்கும் போகும். அம்மா இருக்கற வரைக்கும் போனேன், அவ்வளவுதான்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தான். "ஒரு தடவ வந்து பாருன்னு உன்னக் கூப்ட்டது அதுக்குத்தான். பாத்தேன்னா, இந்தக் குட்டையத் தலைமுழுகுடான்னு நீயே சொல்லியிருப்ப. நீ சொன்னா நான் வித்திருப்பேன். அப்புறம் உன் ஏரிக்கே வந்திருப்பேன்."

"அத அப்பவே வாயத் தெறந்து சொல்றதுக்கென்ன?"

"அடுத்த வருஷம்னு சொன்னியே."

அவள் இத்தனை வருஷம் ஊன்றி நடந்த அந்த ஒரே சமாதானமும் காப்பி மேசையில் முறிந்து கிடந்தது. அதற்குள் மர்யுத் பட்டாணிக்காய்ப் பையோடு வந்தாள். நல்லவள்தான், இர்யாவுக்கு ஒரு கை பட்டாணி அள்ளிக் கொடுத்தாள். "நல்ல நடுக்கோடை" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அவுலிஸ் எழுந்திருக்கத் தடுமாறியபோது மர்யுத் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

இர்யா குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு மின்சார சவ்னா உண்டு. வீட்டுக்கு வீடு முறை வைத்து வரும். வழக்கமாக அடுத்த முறைக்காரர்கள் வந்து கதவைத் தட்டுவார்கள். அன்று வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு கார்கூட இல்லை. கட்டடமே ஏரிகளுக்குப் போய்விட்டிருந்தது. இர்யா பொத்தானை அமுக்கினாள், கல் சூடாகக் காத்திருந்தாள், பலகையில் ஏறி வழக்கம்போலச் சுவரோரமாக ஒடுங்கி உட்கார்ந்தாள். அகப்பையில் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். ஆவி எழும்பியதும், நினைக்காமலே வாயில் வந்துவிட்டது.

"எல்லாருக்கும் இடம் இருக்கா?"

பலகை காலியாக இருந்தது. இடம் நிறைய இருந்தது.