கடைசி ஆளின் சொக்கா

எங்கள் நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு சொக்காதான் இருந்தது. ஆரஞ்சு நிறம், நெஞ்சிலும் முதுகிலும் வெள்ளிப் பட்டை. வண்டி வெளிச்சம் பட்டால் பட்டை மின்னும். கம்பெனியில் அதற்குப் பெயர் சேஃப்டி ஜாக்கெட். எங்களுக்கு அது சொக்கா. உள்ளே வேலை செய்யும்போது கொடுப்பார்கள், வேலை முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். ரோட்டில் போட்டுக்கொண்டு வரட்டும் என்று யாரும் கொடுத்ததில்லை. பாய்லரில் வேலை பார்த்த அண்ணன்தான் ஸ்டோரில் கெஞ்சிக் கூத்தாடி, ஓரம் கிழிந்த பழைய சொக்கா ஒன்றை வாங்கி வந்தார்.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. கடலூர் முதுநகரில் எங்கள் தெருவில் நான்காவது வீடு. நான் அதே கம்பெனி கேண்டீனில் காய் நறுக்குகிறவள். லோடு ஏற்றுகிற இரண்டு பேர், தங்களுக்குள் மாமன் மச்சான் முறை, அவர்களும் எங்களோடு வருவார்கள். கம்பெனி பஸ் நிரந்தர ஆட்களுக்கு மட்டும்தான். நாங்கள் கான்ட்ராக்ட். ஆறு மணி ஷிஃப்டுக்கு ஐந்து மணிக்கே சைக்கிளை எடுத்தாக வேண்டும்.

சிதம்பரம் ரோட்டை எங்கள் கண் முன்னால்தான் அகலமாக்கினார்கள். புளிய மரங்களை வெட்டினபோது நல்லதுதான், இனி பயமில்லாமல் போகலாம் என்று நானே சொன்னேன். என் வாயில் மண்ணைப் போட. அகலமானதெல்லாம் காருக்கு. வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு முழம்தான் எங்களுக்கு மிச்சம். அதிலும் ஜல்லி, மணல், நிறுத்திவிட்டுப் போன லாரி, அடிபட்ட நாய். பஸ் ஒட்டிப் போகும்போது காற்று முதலில் உள்ளே இழுக்கும், பிறகு வெளியே தள்ளும். அந்த இரண்டுக்கும் நடுவில் ஹேண்டில்பாரை ஆடாமல் பிடித்துக்கொள்ளத் தெரியவில்லை என்றால் அன்றோடு சரி.

எனக்கு வாய் ஜாஸ்தி. உரசிப் போகிற ஒரு காரையும் விட மாட்டேன். “உங்கப்பன் வீட்டு ரோடாடா?” என்று கத்துவேன். அண்ணன் சிரிப்பார்.

“அவன் கண்ணாடிய ஏத்திக்கினு பாட்டு கேட்டுக்கினு போறான். நீ ஏன் தங்கச்சி தொண்டத் தண்ணி வத்தக் கத்தற?”

அவர் வைத்திருந்த ஏற்பாடு இதுதான். நான்கு பேரும் ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும். கடைசியாக வருபவர் சொக்காவைப் போட்டுக்கொண்டு, பின்னால் வருகிற வண்டிச் சத்தத்தைக் கேட்டுக் குரல் கொடுக்க வேண்டும். “லாரி!” என்றால் லாரி. “பஸ்ஸு!” என்றால் பஸ். முன்னால் போகிற மூன்று பேரும் உடனே ஜல்லியில் இறங்கிவிடுவோம். கடைசி இடம் ஆளுக்கு ஒரு நாள். ஷிஃப்ட் விட்டதும் மறுநாள் முறைக்காரர் சொக்காவை வீட்டுக்கு எடுத்துப் போவார். கடைசி ஆளுக்குக் குரல் கொடுக்க மட்டும் யாரும் கிடையாது. அதை நாங்கள் யோசிக்கவே இல்லை.

அது மார்கழி மாதம். மறுநாள் என் முறை. மச்சான்காரன் என் கையில் சொக்காவைக் கொடுத்தபோது அப்படி ஒரு நாற்றம். வியர்வை, பீடி, மூட்டையிலிருந்து கொட்டின பவுடர். “இத எப்பிடிடா மனுசன் போடுவான்? உங்களுக்கெல்லாம் மூக்கு இல்லையா?” என்று அந்த இடத்திலேயே மூன்று பேரையும் ஒரு பிடி பிடித்தேன். வீட்டுக்கு வந்து, வேலையெல்லாம் முடித்து, இருட்டின பிறகு சோப்புப் போட்டு அடித்துத் துவைத்து மாடிக் கொடியில் போட்டேன். மார்கழிப் பனியில் என்ன காயும்? விடிகாலையில் தொட்டால் சொட்டச் சொட்ட ஈரம். எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். பிழிந்து, புடவைக்கு மேல் போட்டிருக்கலாம். சளி பிடிக்கும் என்று நினைத்தேன். ஒரு நாள்தானே என்றும் நினைத்தேன். மறந்து விட்டுவிட்டு வந்தேன் என்று இப்போது சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் மறக்கவில்லை. கொடியிலேயே விட்டுவிட்டுத்தான் போனேன்.

தெருமுனையில் அண்ணன் கேட்டார். “எங்க சொக்கா?”

“தொவைச்சேண்ணே. காயல.”

“மார்கழி மாசத்துல சொக்கா தொவைச்சவ ஊருலயே நீ ஒருத்திதான்,” என்று அவர் சிரித்ததும் மற்ற இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் பதில் சொல்வதற்குள், “சரி சரி, சொக்கா இல்லாம நீ கடைசியா வராத. முன்னாடி போ. நான் வர்றேன்,” என்றார்.

“இன்னிக்கு என் மொறைண்ணே.”

“மொறையா இப்ப முக்கியம்? போ, நேரமாவுது.”

நான் முன்னால் போனேன்.

அந்த நாட்களில் சிதம்பரம் கோயிலில் ஆருத்ரா தரிசனம். பாண்டிச்சேரிப் பக்கமிருந்து கார் காராக இருட்டிலேயே வந்துகொண்டிருந்தன. பனி வேறு. நான்கைந்து தடவை அண்ணன் குரல் கொடுத்தார், நாங்கள் இறங்கி ஏறினோம். பிறகு ஒரு தடவை, “காரு!” என்றார். மூன்று பேரும் ஜல்லியில் இறங்கினோம். என் சக்கரம் கல்லில் ஏறிக் குதித்தது. அப்போது பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை. கேண்டீனில் பெரிய தட்டுக்கூடை கீழே விழுந்தால் கேட்குமே, அவ்வளவுதான்.

காரில் வந்தவர்கள் ஓடிப்போயிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். வாழ்நாள் முழுக்க அவர்களைத் திட்டிக்கொண்டே இருந்திருப்பேன். அவர்கள் ஓடவில்லை. தலை நிறையப் பூவும் பட்டுப் புடவையுமாக ஒரு அம்மாள் இறங்கி ரோட்டிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். ஓட்டிவந்த பிள்ளைதான் எங்களோடு சேர்ந்து அண்ணனைத் தூக்கிக் காரில் படுக்கவைத்தான். ஆஸ்பத்திரி போகிற வரைக்கும், போன பிறகும், அவன் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தான். “தெரியலைங்க. சத்தியமா தெரியவே இல்லைங்க.”

அந்தத் ‘தெரியலைங்க’ என் காதில் ஈயம் காய்ச்சி ஊற்றின மாதிரி இறங்கியது. அவனுக்கு ஏன் தெரியவில்லை என்பது எனக்குத் தெரியும்.

விசாரிக்க வந்த போலீஸ்காரர், “லைட்டு, ஜாக்கெட் எதுவும் கிடையாதா?” என்று கேட்டார். மாமன்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “இருக்குது சார். இன்னிக்கிப் போடல,” என்றார். அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, மச்சானும் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றுவதாக அவர்களுக்கு நினைப்பு. அன்றைக்கே நாலு அறை அறைந்து காட்டிக் கொடுத்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். மாடியில் சொக்கா காய்ந்து மொடமொடவென்று இருந்தது. எடுத்து மடித்து டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்தேன்.

அண்ணனின் மனைவியை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். கருமாதி அன்று சொல்லிவிடுவது என்று போனேன். போய் உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்கினேன், வாழைக்காய் நறுக்கினேன், பந்தி பரிமாறினேன், கூட்டிப் பெருக்கினேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, “கூடப் பொறந்தவ மாதிரி செய்யிற நீ,” என்று அழுதார்கள். அதன்பின் எப்படிச் சொல்வது? வாய் நீளம் என்று பெயரெடுத்த நான் மறுபடி துடைப்பத்தை எடுத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து கான்ட்ராக்டர் மூலமாக அண்ணிக்கும் கம்பெனியில் வேலை கிடைத்தது. கேண்டீனில் பாத்திரம் தேய்க்க, என் பக்கத்திலேயே. அவர்கள் சைக்கிளில் வரவில்லை, ஷேர் ஆட்டோவில் வந்தார்கள்.

எங்கள் கம்பெனியில் திங்கட்கிழமை தோறும் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி சேஃப்டி பேசுவார்கள். பேசுகிற ஆபீசர் நல்ல மனிதர்தான், கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அவருக்கு உதாரணம் சொல்ல அண்ணன் கிடைத்துவிட்டார். “நம்ம கூட இருந்த ஒருத்தர். ஒரே ஒரு ஜாக்கெட். போட்டிருந்தா இன்னிக்கி உயிரோட இருப்பாரு. அலட்சியம்.” அண்ணி வரிசையில் என் பக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கூட்டம் கலைந்து பாத்திரம் தேய்க்க உட்கார்ந்ததும் ஆரம்பிப்பார்கள்.

“சோம்பேறி மனுசன். வூட்டுலயும் இப்பிடித்தான், மழ பெஞ்சா கொடைய எடுத்துக்கினு போவாதே அது.”

இன்னொரு திங்கட்கிழமை, “ஒரு துணிய மாட்ட எவ்ளோ நேரம் ஆவும்? அதுக்குக் கை வலிச்சிதாமா?” என்பார்கள்.

ஒரு தடவை தேய்த்துக்கொண்டிருந்த அண்டாவை அப்படியே விட்டுவிட்டு என்னைப் பார்த்து, “என்னையும் பொண்ணையும் ஒரு நிமிசம் நெனச்சிருந்தா போட்டிருப்பாரு. நெனைக்கல பாரு,” என்றார்கள்.

“விடுங்கண்ணி,” என்றேன். அதைத்தான் ஒவ்வொரு வாரமும் சொன்னேன். வேறென்ன சொல்ல? நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். தொண்டை வரைக்கும் வரும், சாம்பாரைக் கிளறுகிற சாக்கில் எழுந்து போய்விடுவேன்.

சைக்கிளில் இப்போது நாங்கள் மூன்று பேர்தான். கடைசி இடம் தினமும் எனக்குத்தான், நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். புதிதாக ஒரு சொக்கா கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டேன். ஆனால் பனி நாளில் எனக்குப் பின்னால் ஒரு சைக்கிள் வரும். அண்ணனுடைய கேரியரில் சாப்பாட்டுத் தூக்கு மாட்டியிருக்கும், பள்ளத்தில் இறங்கினால் டொக் டொக்கென்று இடிக்கும். அந்தச் சத்தம் கேட்கும். மனப்பிராந்தி என்று தெரியும். தெரிந்தும் திரும்பிப் பார்ப்பேன். ஓடுகிற சைக்கிளில் திரும்பிப் பார்த்தால் வண்டி தானாக ரோட்டுப் பக்கம் இழுக்கும். ஒரு நாள் லாரியின் கண்ணாடி என் தோளை உரசிக்கொண்டு போனது. முன்னால் போன மாமன்காரர் நிறுத்திவிட்டு, “உனக்கின்னா பைத்தியமா? பின்னாடி யாரு வர்றாங்க?” என்று கத்தினார்.

வருசம் திரும்பியது. முதல் வருசப் படையல் அண்ணன் பிறந்த ஊரில், குமராட்சிக்குப் பக்கத்தில், அவருடைய கூடப் பிறந்த மூத்தவர் வீட்டில் வைத்தார்கள். அண்ணனின் பெண் முதல்நாளே போய்விட்டாள். “துணைக்கு வாயேன்,” என்று அண்ணி என்னைக் கூப்பிட்டார்கள். பஸ்ஸில் போகும்போது அந்த இடம் வந்தது. அண்ணி முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் ஜன்னல் வழியே பார்த்தேன். ஒன்றுமில்லை, ஜல்லிதான். ஒருவர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி மினி பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். வாழையிலைக் கட்டு என் மடியில். அண்ணி பையைத் திறந்து, படையலில் வைக்க வாங்கின புதுச் சட்டையைத் தடவிப் பார்த்தார்கள்.

“உசுரோட இருக்கறப்ப ஒரு சொக்கா மாட்ட முடியல. இப்ப புதுச் சட்ட கேக்குதா இவருக்கு? எலயப் போட்டு வெச்சிட்டு, பொண்ணு எதிர்லயே கேக்கப் போறன். எங்கள நெனச்சியாய்யா நீன்னு கேக்கப் போறன். அவளும் தெரிஞ்சிக்கட்டும் அவங்கப்பன் லட்சணத்த.”

என்னைத் திட்டினாலும் சரி, கொன்றாலும் சரி, அந்தப் பெண் அதைக் கேட்கக் கூடாது என்று தோன்றியது.

“அண்ணி, அது என் மொற.”

“இன்னாது?”

“அன்னிக்கிக் கடைசியா வர வேண்டியது நானு. சொக்கா எங்கிட்டதான் இருந்திச்சி. நாத்தம் அடிக்குதுன்னு தொவைச்சேன், காயல. கொடியிலயே வுட்டுட்டு வந்துட்டேன். சொக்கா இல்லாம நீ கடைசியா வராத, நான் வர்றேன்னு சொல்லிட்டு அண்ணன் பின்னாடி போயிட்டாரு. அவரு சோம்பேறி இல்ல அண்ணி. அவருகிட்ட சொக்காவே இல்ல.”

பக்கத்தில் வேர்க்கடலை விற்கிறவள் “மல்லாட்ட, மல்லாட்ட” என்று கூவிக்கொண்டிருந்தாள். அண்ணி சட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார்கள். மடிப்பு சரியில்லை என்று திரும்ப எடுத்து மடித்தார்கள். அடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். குமராட்சி வண்டி வந்து நின்றது, கண்டக்டர் ஊர்ப் பெயர்களைக் கத்தினார்.

அண்ணி எழுந்து என் மடியிலிருந்த இலைக்கட்டை எடுத்துக்கொண்டார்கள்.

“ஈரத் துணிய யாருதான் போடுவா? அதுக்கு உன்ன ஒண்ணும் சொல்லல,” என்றார்கள். குரல் நிதானமாகத்தான் இருந்தது. “ஆனா ஒரு வருசமா அந்த மனுசன வாயில வந்ததெல்லாம் சொல்லித் திட்டனேன். நீ பக்கத்துலயே நின்னு கேட்டுக்கினு இருந்த.”

நான் எழுந்தேன்.

“நீ வராத. நான் போயி அவருகிட்ட மாப்பு கேக்கணும்,” என்று சொல்லிவிட்டு அண்ணி வண்டியில் ஏறினார்கள்.