அமைதி நேரத்தில் விற்ற பிள்ளை

இதில் ஒரு வரிகூட என் சரக்கு இல்லை. ஜிபார் என் பக்கத்து வீட்டுக்காரி. இன்று காலைகூட என்னிடம் உப்பு வாங்கிக்கொண்டு போனாள். சந்தேகம் இருப்பவர்கள் நரின் ஆற்றங்கரைக்கு வந்து அவளையே கேட்டுக்கொள்ளுங்கள். நடந்தது நள்ளிரவிலும் இல்லை, பட்டப்பகலில். 1997 ஜனவரி 14, செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டு மணி பதினேழு நிமிடம்.

ஜிபாருக்கு அது மூன்றாவது பிரசவம். முதல் குழந்தை பிறந்த மறுநாளே போய்விட்டது. இரண்டாவது இருபது நாள் இருந்தது. அதனால் இந்தத் தடவை வயிற்றில் இருக்கும்போதே வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். பிறந்ததும் பிள்ளையை விற்றுவிட வேண்டும். உங்கள் பக்கம் தவிட்டுக்கு விற்பார்களாமே, அதே போலத்தான். பெற்றதில் ஒன்றைக்கூடச் சாகக் கொடுக்காத ஒருத்தி ஜன்னல் வழியாக வாங்கிக்கொள்வாள். சாவு தேடி வந்தால், இவளுக்கு ஏது பிள்ளை என்று திரும்பிப் போய்விடும். நாற்பதாம் நாள் வாங்கினவளிடம் ஏதாவது கொடுத்து மீட்டுக்கொள்ள வேண்டும். மீட்காவிட்டால் பிள்ளை வாங்கினவளுக்கே சொந்தம். ஒன்பது பெற்ற எதிர்வீட்டுக்காரியிடம் சொல்லியும் வைத்தாயிற்று.

ஜிபாரின் புருஷன் தாலாய். அவனுடைய அக்கா உல்ஜான் எங்கள் ஊர் அரசுப் பிரசவ ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி. அந்த வருஷங்களில் ஆஸ்பத்திரிக்குப் போகிற பெண்கள் கையுறை, நூல், ஊசி, ஏன், பல்புகூட வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும். உல்ஜான் மட்டும், "நீ ஒண்ணும் கொண்டுவர வேணாம், உடம்பை மட்டும் கொண்டு வா, மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றாள். ஜிபார் பெற்ற தாயைக்கூட அந்த அளவுக்கு நம்பியதில்லை.

பதின்மூன்றாம் தேதி சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. மற்ற அறைகளில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். உல்ஜான் இவளுக்கு மாடியில் ஆறாம் அறையைத் தனியாகவே கொடுத்தாள். நாத்தனார் செல்வாக்கு என்று ஜிபாருக்கு உள்ளூரப் பெருமை. அறையில் இரண்டு கட்டில்கள். இவளுடையது ஒன்று. மற்றதில் மெத்தை இல்லை, வெறும் கம்பிச் சுருள்தான் தெரிந்தது.

காலையில் தரை துடைக்க ராயா வந்தாள். அறுபது வயதிருக்கும். வாசற்படி வரை துடைத்தாள். இவளைப் பார்த்தாள். உள்ளே வராமல் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். சோம்பேறி என்று ஜிபார் நினைத்துக்கொண்டாள்.

குழந்தைகளைத் தாயிடம் விடமாட்டார்கள். நடையின் கோடியில் தனி அறை. பன்னிரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் பால் கொடுக்கக் கொண்டுவருவார்கள். நடுவில், இரண்டிலிருந்து நான்கு வரை அமைதி நேரம். யாரும் எழுந்திருக்கக் கூடாது, பேசக் கூடாது. சரியாக இரண்டு மணிக்கு உல்ஜான் எட்டிப் பார்த்தாள். குளிர்காற்று வரும், வெளியே பூட்டிவிடுகிறேன், தூங்கு என்றாள். பூட்டு விழுந்தது. செருப்புச் சத்தம் தேய்ந்து போயிற்று.

ஜிபாருக்குக் கண் சொருகியது.

யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

கண்ணைத் திறந்தாள். சுவர்க் கடிகாரத்தில் 2:17. எதிர்க் கட்டிலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிக் கவுன், வெறுங்கால். மார்புப் பக்கம் துணி நனைந்திருந்தது. பால்.

புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள் போலும் என்று நினைத்தாள். கதவு பூட்டியிருப்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

"உல்ஜான் போயிட்டாளா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"போயிட்டாங்க. நீங்க எப்ப வந்தீங்க?"

"அவ உனக்கு என்ன வேணும்?"

"நாத்தனார். எம் புருஷனுக்கு அக்கா."

அந்தப் பெண் தலையாட்டினாள். மெதுவாக... ரொம்ப நேரம்...

பேர் கேட்டதற்குச் சினார் என்றாள். பேச்சுத்துணை கிடைத்த சந்தோஷத்தில் ஜிபார் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். போன இரண்டு பிள்ளைகள், விற்கிற ஏற்பாடு, எதிர்வீட்டுக்காரி, எல்லாம். ஆஸ்பத்திரியில் இன்னும் ஐந்து நாள் இருக்க வேண்டும், முதல் குழந்தை மறுநாளே போனதே, அதுதான் பயம் என்று அழுதாள். அழும்போதுதான் கவனித்தாள். குளிரில் தன் வாயிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. சினார் வாயிலிருந்து வரவில்லை.

"எனக்கு ஏழு புள்ளைங்க. ஒண்ணும் சாகல," என்றாள் சினார். "அஞ்சு நாள் எதுக்குக் காத்திருக்கே? எங்கிட்டயே வித்துடு."

தாய் மனசு. மறுநாள் என்பது அன்றைக்குத்தான். ஜிபார் யோசிக்கவில்லை.

"வித்தேன்," என்றாள். மூன்று தடவை சொல்லச் சொன்னாள் சினார். மூன்று தடவையும் சொன்னாள்.

சினார் எழுந்தாள். கம்பிச் சுருள் கிறீச்சிடவில்லை. கையிலிருந்த கறுப்பு ரொட்டியில் ஒரு துண்டு பிட்டு, இதுதான் விலை என்று இவள் வாயில் வைத்தாள். ஐஸ்கட்டியாக இருந்தது. விழுங்கிவிட்டாள்.

2:31.

நடைக் கோடியில் குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன. பத்துப் பன்னிரண்டு இருக்கும்.

ஒன்று நின்றது.

இன்னொன்று நின்றது...

பிறகு இன்னொன்று... யாரோ தொட்டிலுக்குத் தொட்டில் குனிந்து பார்த்துக்கொண்டே போகிறார்கள்...

கடைசியில் ஒரே ஒரு குரல். ஜிபாருக்குத் தெரியும். அது அவள் பிள்ளையின் குரல்.

அதுவும் நின்றது.

2:41.

திரும்பிப் பார்த்தாள். எதிர்க் கட்டில் காலி.

பாய்ந்து போய்க் கதவைத் தட்டினாள். பூட்டு. கத்தினாள். குத்தினாள். யாரும் வரவில்லை. அமைதி நேரம்...

நான்கு மணிக்குத்தான் கதவு திறந்தது. உல்ஜான் குழந்தையைக் கையில் வைத்திருந்தாள். உயிரோடு இருந்தது. ஜிபார் பிடுங்கி மார்போடு அணைத்தாள். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. வயிறு நிறைந்திருந்தது. கடைவாயில் பால்.

யார் பால் கொடுத்தது என்று கேட்டாள். யாரும் கொடுக்கவில்லை என்றாள் உல்ஜான். வேறு எதுவும் கேட்கவில்லை. ஏன் அழுதாய், கை ஏன் வீங்கியிருக்கிறது, எதுவுமே கேட்கவில்லை. குனிந்து ஜிபாரின் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். அதற்கு முன் ஒரு நாளும் கொடுத்ததில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் குழந்தை இவளிடம் ஒரு சொட்டுப் பால் குடிக்கவில்லை. புட்டியையும் தொடவில்லை. இவளுக்கு மார்பு கட்டிக் காய்ச்சல் வந்தது. ஆனால் வாரம் ஒருமுறை எடை பார்க்க வந்த நர்ஸ், பிள்ளை அருமையாக ஏறியிருக்கிறது, உனக்கு நல்ல பால் என்று பாராட்டிவிட்டுப் போனாள்.

மீட்டாக வேண்டும். முப்பத்தெட்டாம் நாள் ஒரு புதுத் தலைத்துணியை எடுத்துக்கொண்டு ஜிபார் ஆஸ்பத்திரிக்குப் போனாள். சினார் எந்த ஊர், எங்கே இருப்பாள் என்று ராயாவிடம் கேட்டாள். ராயா வாளியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஆறாம் ரூம் சினாரா? அவ செத்து நாலு வருஷம் ஆச்சும்மா."

அவளுக்கு ஏது ஏழு பிள்ளை? அதுதான் தலைப்பிரசவம். வயிற்றுப் பிள்ளையும் போயிற்று. ரத்தப் போக்கு ஆரம்பித்தது அமைதி நேரத்தில். வெளியே பூட்டு. கத்தியிருக்கிறாள், கதவைக் குத்தியிருக்கிறாள். மருத்துவச்சி டாக்டர்கள் அறையில் யாருடைய பிறந்தநாளுக்கோ கேக் தின்றுகொண்டிருந்தாளாம். நான்கு மணிக்குத்தான் திறந்தாள். இதயம் பலவீனம் என்று எழுதி முடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த அறைக்கு யாரையும் அனுப்புவதில்லை. மருத்துவச்சி யார் என்று ஜிபார் கேட்கவில்லை. ராயாவும் சொல்லவில்லை.

ஜிபார் நேராக நாத்தனார் வீட்டுக்குப் போனாள். உல்ஜான் மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள். மறைக்கக்கூட இல்லை.

"நாலு வருஷமா என் கட்டில்கிட்ட வந்து நிப்பா. எம் புள்ள எங்க, எம் புள்ள எங்கன்னு. எனக்குப் புள்ள இருக்கா குடுக்கறதுக்கு?"

"அதுக்கு... என் புள்ளையா அக்கா?"

"எங்க வீட்டு ரத்தம்தான் வேணும்னு சொன்னா. நான் ரூம்தான் குடுத்தேன். வித்தது நீ."

ஜிபார் வீட்டுக்குத் திரும்பினாள். தாலாயிடம் சொன்னாள். அவன் அக்காவை நம்பினான், இவளை நம்பவில்லை. பிரசவித்த பெண்ணுக்கு மூளை குழம்பிவிட்டது என்று டாக்டரும் சொன்னார். நாற்பதாம் நாள் அந்தத் துணியோடு சினாரின் கல்லறை வரை போய், கெஞ்சி, அழுது, மண்ணில் வைத்துவிட்டு வந்தாள். வாங்கிக்கொண்டதாக எந்த அடையாளமும் இல்லை.

குழந்தைக்கு இப்போது நாலு வயது. நோய்நொடி இல்லை. ஜிபாரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். அடித்தும் கெஞ்சியும் பார்த்தாயிற்று, அம்மா என்ற வார்த்தை இவளைப் பார்த்து வரவில்லை. ஆனால் அந்த வார்த்தை அவளுக்குத் தெரியும். மதியத்தில் பூட்டிய அறைக்குள் சொல்லிக்கொண்டிருப்பதை நானே கேட்டிருக்கிறேன்.

உல்ஜான் அதே ஆஸ்பத்திரியில்தான் வேலை செய்கிறாள். இப்போதெல்லாம் படுத்த உடனே நன்றாகத் தூங்கிவிடுகிறாளாம்.