சம்பந்திகளுக்கு வைத்த வலை

பவர் டில்லர் சேற்றில் புதைந்தபோது அதைத் தள்ளிவிட வரப்பில் ஆட்கள் இருக்கத்தான் செய்தார்கள். ஆனாலும் நான்தான் இறங்கினேன். ஓய்வு பெறும்வரை பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் நான். "வயித்த உள்ள இழு, நெஞ்ச நிமித்து" என்று ஒரு தலைமுறைப் பிள்ளைகளை விரட்டியவன். என் உடம்பின்மேல் எனக்கு அப்படியொரு மிதப்பு. திருவிடைமருதூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் வயலில் குறுவை நடவுக்கு உழவு ஓடிக்கொண்டிருந்தது. தோளைக் கொடுத்து, தம் பிடித்துத் தள்ளினேன். வண்டி மேலேறிவிட்டது. அன்று மாலை குளிக்கும்போதுதான் பார்த்தேன், வலது தொடை இடுக்குக்கு மேலே எலுமிச்சம்பழம்போல ஒரு வீக்கம். படுத்தால் காணாமல் போனது. எழுந்தால் வந்தது. இருமினால் எட்டிப் பார்த்தது.

என் மனைவி பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டாள். "குடலிறக்கங்க இது. எங்க பெரியப்பாவுக்கு இருந்துச்சு. தஞ்சாவூர் போய்க் காட்டிடுவோம்."

"காட்டலாம், காட்டலாம்" என்றேன். போனது மருந்துக்கடைக்கு. ஒரு பெல்ட் வாங்கி வேட்டிக்குள் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். வீக்கம் உள்ளே அடங்கிக் கிடந்ததால் நோயே போய்விட்டதாக நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது. யாரிடமும் சொல்லக்கூடாது என்று மனைவியிடம் சத்தியம் வாங்கினேன். முக்கியமாக வலங்கைமான் சம்பந்தியிடம்.

அவருடைய மகனுக்குத்தான் என் மகளைக் கொடுத்திருக்கிறோம். சம்பந்தி விவசாயி. குரல் பெரிது, மீசை பெரிது. கல்யாணத்தன்று சமையல் ஆட்கள் வருவதற்குள் சாம்பார் அண்டாவைத் தானே தூக்கி இறக்கிவைத்து, "நம்ம உடம்புக்கு இதெல்லாம் ஒரு கனமா சம்பந்தி?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தவர். அவரிடம் போய், எனக்குக் குடல் இறங்கிவிட்டது என்று எப்படிச் சொல்வது? எங்கள் இருவருக்கும் நடுவில் எப்போதும் ஒரு மரியாதை நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும். வாங்க, உக்காருங்க, காபி சாப்பிடுங்க, மழை எப்படி என்பதைத் தாண்டி நாங்கள் பேசியதே கிடையாது.

மகளுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு வலங்கைமானில் நடந்தது. வீட்டுக்குள்ளே பாய் விரித்துப் பந்தி போட்டிருந்தார்கள். பெல்ட்டோடு கீழே உட்கார்ந்தால் இடுப்பை அறுக்கும். "முட்டி வலி, எனக்கு மேசை போதும்" என்றேன். பக்கத்தில் சம்பந்தியும் நின்றுகொண்டிருந்தார். "எனக்கும் முட்டிதான் சம்பந்தி. வயசாவுதுல்ல" என்று அவரும் மேசைக்கு வந்தார். இரண்டு பேரும் ஒருவர் முட்டியை ஒருவர் விசாரித்துக்கொண்டே பாயசம் சாப்பிட்டோம்.

மகளைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்த மறுநாள் என் மனைவி கேட்டாள். "பேரப்புள்ள வந்தா தூக்குவீங்களா, இல்ல பெல்ட்டப் புடிச்சுக்கிட்டு ஓரமா நிப்பீங்களா?"

அந்தக் கேள்விதான் என்னை அவளோடு தஞ்சாவூருக்கு பஸ் ஏற்றியது.

மருத்துவக் கல்லூரிச் சாலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. டோக்கன் வாங்கிக்கொண்டு திரும்பினால், காத்திருக்கும் கூடத்தின் மூலையில், தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்தபடி ஒருவர் உட்கார்ந்திருந்தார். துண்டு மறைத்தது முகத்தைத்தான். மீசையை அல்ல.

"சம்பந்தி!" என்றேன்.

அவர் தூக்கிவாரிப்போட்டதுபோல எழுந்தார். "வாங்க, வாங்க. இங்க எங்க?"

"முட்டிக்கு..."

"நானும் முட்டிக்குத்தான்" என்றார். இருவரும் ஒரே நேரத்தில் கதவுக்கு மேலே இருந்த பலகையைப் பார்த்தோம். 'குடலிறக்கம், பித்தப்பை அறுவை சிகிச்சை' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அவர் பக்கத்தில் இருந்த சம்பந்தியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். என் மனைவிக்கு அதற்குக்கூடப் பொறுமையில்லை. கூடமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டாள்.

"நீ சத்தியம் பண்ணியே!" என்றேன்.

"பண்ணினேன். சம்பந்தியம்மாவும் அவங்க வீட்ல பண்ணியிருக்காங்க. ரெண்டு சத்தியமும் போன்ல மோதிக்கிச்சு. அதான் ஒரே நாள்ல ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்தோம்."

மருத்துவர் ஒரு பெண். அது தெரிந்ததும் எங்கள் இருவர் முகமும் போன போக்கைச் சொல்ல முடியாது. ஆனால் அந்த அம்மாள், நெல் ஈரம் பார்க்கிறவரைப்போல அலட்டாமல், "நில்லுங்கய்யா, இருமுங்க... இன்னொரு தடவை" என்று சொல்லி வேலையை முடித்துவிட்டார். முதலில் எனக்கு. பிறகு திரைக்குப் பின்னால் சம்பந்திக்கு. வெளியே வந்தவர் என்னைப் பார்த்துச் சொன்னார். "எனக்கு ரெண்டு பக்கமும்." அதிலும் ஒரு பெருமை.

நால்வரையும் உட்காரவைத்து மருத்துவர் விளக்கினார். வயிற்றின் முன்சுவரில் தசை பலவீனமான இடத்தில் ஒரு வாசல் திறந்துகொள்கிறது, அதன் வழியே குடல் வெளியே வந்து வந்து போகிறது. பெல்ட் அந்த வாசலைச் சாத்தி வைக்குமே தவிர அடைக்காது. "அந்தக் காலத்துல ரெண்டு ஓரத்தையும் இழுத்துப் பிடிச்சுத் தைச்சிடுவாங்க. இழுத்துத் தைச்ச இடம் எப்பவும் விறைப்பா இருக்கும். சில பேருக்குத் திரும்பப் பிரிஞ்சுக்கும். இப்போ இழுக்கறதில்ல. மேல ஒரு வலை வச்சிடறோம்." மேசை இழுப்பறையிலிருந்து ஒரு துண்டை எடுத்து நீட்டினார். வெள்ளையாக, கொசுவலைபோல மெல்லிசாக இருந்தது.

சம்பந்தி அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். நல்லவேளை, கடித்துப் பார்க்கவில்லை.

"இது என்ன சரக்கு டாக்டரம்மா?"

"பாலிப்ரொப்பிலீன்னு ஒரு பிளாஸ்டிக்."

"உரச் சாக்கு பின்னுறாங்களே, அதுவா?"

மருத்துவர் சிரித்தார். "அதே குடும்பம்தான். ஆனா இது உடம்புக்குன்னே தனியா சுத்தமா செய்யறது. மக்காது, துருப்பிடிக்காது. இந்த ஓட்டை இருக்கு பாருங்க, இதுக்குள்ள உங்க சதையே வளர்ந்து பின்னிக்கும். அதனாலதான் துணியா இல்லாம வலையா இருக்கு. கனமான வலையும் உண்டு, லேசானதும் உண்டு. உங்களுக்கு லேசானது போதும்."

எனக்கு ஒரு பக்கம்தான். அதோடு இளைப்பும் கொஞ்சம் உண்டு. முழு மயக்கம் வேண்டாம், முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைத்து, ஒரு கீறல் போட்டு வெளிப்புறமாக வலை வைத்துவிடலாம் என்றார். சம்பந்திக்கு இரண்டு பக்கமும் என்பதால், முழு மயக்கம் கொடுத்து, வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள் போட்டு, கேமராவைப் பார்த்துக்கொண்டே உள்பக்கத்திலிருந்து வலை வைப்பதாகச் சொன்னார்.

"உள்பக்கமா வச்சா வயித்து அழுத்தமே அதைச் செவத்தோட சேத்து வச்சு அமுக்கும். அப்படித்தானே?" என்று சம்பந்தி கேட்டார். "ஆத்துல உடைப்பு எடுத்தா நாங்க தண்ணிப் பக்கத்துலதான் மூட்டையைப் போடுவோம்."

"அதேதான்" என்றார் மருத்துவர்.

"அப்ப இவருக்கு ஏன் வெளிப்பக்கம்?" என்று எனக்காக வாதாடினார் சம்பந்தி.

"வெளிப்பக்கம் போட்டாலும் சரியா தைச்சா நிக்கும்யா. ரெண்டும் நல்ல முறைதான். ஆளுக்கு எது ஏத்ததோ அது."

ஒரே நாளில் இருவருக்கும் அறுவை சிகிச்சை என்று முடிவானது. ஒரே அறையில் இரண்டு கட்டில். அன்று காலையில் சம்பந்தியின் பெரிய குரலைக் காணவில்லை. பச்சை கவுனை மாட்டிக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். பெண்கள் கீழே காபி குடிக்கப் போயிருந்தார்கள்.

"எங்க அண்ணனுக்கு இது இருந்துச்சு" என்றார் திடீரென்று. "வெளியில சொல்லாமலே வச்சிருந்தாரு. ஒரு நாள் வீக்கம் உள்ள போகவே இல்ல. குடல் சிக்கிக்கிச்சு. வாந்தி, வலி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள குடல் கெட்டுப்போச்சு. ஆள் பொழைக்கல."

கவுனின் ஓரத்தைத் திருகிக்கொண்டே மேலே சொன்னார்.

"எனக்கு வந்ததும் அதே பயம் சம்பந்தி. பயத்துல யாருகிட்டயும் சொல்லல. இப்ப அந்தப் பயத்துலதான் வந்தும் இருக்கேன்." என் பக்கம் திரும்பி, "நீங்க மொதல்ல போயிட்டு வந்து சொல்றீங்களா?" என்றார்.

நான் எழுந்து போய் அவர் கட்டிலில் உட்கார்ந்தேன். முதல்முறையாக அவர் தோளில் கை போட்டேன். "நான் முழிச்சுக்கிட்டே இருக்கப்போறேன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு வந்து சொல்றேன்" என்றேன். எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான். ஆனால் அவரைத் தேற்றத் தேற்ற என் உதறல் குறைந்தது.

தியேட்டரில் என் முகத்துக்கு முன்னால் ஒரு பச்சைத் துணியைக் கட்டிவிட்டார்கள். இடுப்புக்குக் கீழே வேறு யாருடைய உடம்போபோல இருந்தது. யாரோ இழுப்பதும் அமுக்குவதும் மட்டும் தெரிந்தது, வலி இல்லை. "டாக்டரம்மா, வலை வச்சாச்சா?" என்று கேட்டேன்.

"வச்சுத் தைச்சுக்கிட்டிருக்கேன்யா. மீன் எதுவும் சிக்கல" என்றார். துணிக்கு அந்தப் பக்கம் எல்லோரும் சிரித்தார்கள்.

தள்ளுவண்டியில் திரும்பி வரும்போது சம்பந்தியைக் கூட்டிப்போக வந்திருந்தார்கள். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். "ஒண்ணுமில்ல சம்பந்தி. உழவு ஓட்டுற மாதிரிதான் இருக்கு" என்றேன். அவர் மீசைக்கடியில் லேசாகச் சிரிப்பு வந்தது.

மாலையில் மயக்கம் முழுதாகத் தெளிந்ததும் அவர் முதலில் சொன்னது, "தோள்பட்டை வலிக்குது." வயிற்றில் துளை போட்டால் தோள் எப்படி வலிக்கும் என்று சம்பந்தியம்மாள் பதறிவிட்டார். வயிற்றை உப்பவைக்க உள்ளே வாயு செலுத்துவார்களாம். அதில் கொஞ்சம் தங்கினால் தோளில் வலி தெரியும், நடந்தால் போய்விடும் என்றார் நர்ஸ். அன்றே சுவரைப் பிடித்துக்கொண்டு இருவரும் நடந்தோம். வராந்தாவின் கோடிவரை யார் முதலில் போவது என்று சொல்லாமலே ஒரு பந்தயம். அவர் ஜெயித்தார். "துளைதான் சம்பந்தி சௌகரியம். உங்களுக்குக் கீறலு" என்றார்.

"என் வலை ஒண்ணு. உங்களுக்கு ரெண்டு" என்றேன். சிரித்துத் தொலைத்தோம். சிரித்தால் தையல் சுண்டி இழுக்கும். தும்மினாலும் இருமினாலும் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அறைக்குள் நகைச்சுவை கூடாது என்று பெண்களிடம் கெஞ்சினோம். அவர்கள் கேட்டால்தானே? அந்த அறையில்தான் நாங்கள் மழையையும் காபியையும் தாண்டிப் பேசினோம். அவருடைய அண்ணனைப் பற்றி, என் பள்ளிக்கூடத்தைப் பற்றி, பயங்களைப் பற்றி.

எனக்குக் கீறலைச் சுற்றிக் கொஞ்ச நாள் மரத்துக் கிடந்தது. அவர் எனக்கு முன்பே வயலுக்குப் போகத் தொடங்கினார். கடைசியாகக் காட்டப் போன அன்று, "இனி கனம் தூக்கலாமா?" என்று இருவரும் ஒன்றாகக் கேட்டோம். "பழையபடி எல்லாம் செய்யலாம். ஆனா அண்டாவுக்கும் டில்லருக்கும் ஆள் வச்சுக்குங்க" என்றார் மருத்துவர். யார் போட்டுக்கொடுத்தது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

பேத்தி பிறந்தாள். நான் தூக்கினேன், அவரும் தூக்கினார், யார் தூக்கினால் அழுகிறாள் என்பதில் இன்றுவரை தகராறு.

பெயர் வைக்கும் நாளன்று சம்பந்தியின் ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் என்னைக் கொல்லைப்பக்கம் ஒதுக்கிக் கூட்டிப்போனார். "ஒண்ணு கேக்கணும். எனக்கில்ல, தெரிஞ்சவர் ஒருத்தருக்கு... இங்க ஒரு வீக்கம்" என்று குரலைத் தாழ்த்தினார். நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து சம்பந்தி வந்து அவர் தோளில் கையைப் போட்டார்.

"ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா?" என்று பந்திவரைக்கும் கேட்கிற குரலில் கேட்டார். "வெக்கப்படாதீங்க மாமா. திங்கக்கிழம காலம்பர தஞ்சாவூர் போறோம். நானே கூட்டிட்டுப் போறேன்."