ஒரு ரிங்குக்கு விழிக்காத போன்

ஜெர்மனியில் நான் இருக்கும் ஊரில், சனிக்கிழமை மதியம் நூலகத்தின் கீழ்த்தளத்தில் சிலர் கேக்கோடு வந்து உட்கார்ந்து போன்களுக்கு விடுதலை வாங்கித் தருகிறார்கள். கம்பெனி போட்டு அனுப்பிய சிஸ்டத்தை அழித்துவிட்டு, யாரும் பார்க்கலாம், திருத்தலாம் என்று பொதுவில் வைத்திருக்கும் லினக்ஸை ஏற்றுகிறார்கள். என் போனுக்கு ஏற்றித் தந்தவர் யோனாஸ். இனி நீ எங்கே இருக்கிறாய் என்று எவருக்கும் தெரியாது என்று கைகுலுக்கினார். யார் எங்கே போனாலும் ஊருக்கே தெரிந்துவிடும் கே.ஜி.கண்டிகை கிராமத்தில் பிறந்த எனக்கு அது நல்ல சேதியாகவே படவில்லை. ஆனாலும் பெருமையாகத்தான் வீட்டுக்கு வந்தேன்.

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். மாதாமாதம் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்குப் போவார். நெஞ்சுவலி வந்து, படியே ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியும் படியேறித்தான் போகிறார். மேலே வரைக்கும் பஸ் போகிறதே என்றால் காதில் வாங்குவதில்லை. மேலே சேர்ந்ததும் எனக்கு ஒரே ஒரு ரிங் விட்டு கட் செய்வார். நான் திருப்பி ஒரு ரிங் விடுவேன். இருவருமே எடுக்கக் கூடாது. நான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தபோது தொடங்கிய பழக்கம் இது, இங்கே வந்த பிறகும் விடவில்லை.

போன கிருத்திகைக்கு அந்த ரிங் வரவில்லை. இங்கே காலை ஏழரை, அங்கே பதினொன்று. நான் கூப்பிட்டேன். முழுக்க அடித்து நின்றது. ட்ராமில் நின்றபடி மொத்தம் ஒன்பது தடவை கூப்பிட்டேன். ஏதோ ஒரு படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றே மனசு அடித்துச் சொன்னது. பத்தாவது தடவை எடுத்தார். பேச முடியாமல் மூச்சு வாங்கியது.

"உனக்கு இன்னாம்மா ஆச்சி? மேல போனதுமே குடுத்துட்டனே. நீ அடிச்ச மொத ரிங்க திருப்பிக் குடுத்ததுன்னு நெனச்சி, பைல போட்டுகினு சாமி பாக்கப் போயிட்டேன். வெளிய வந்து பாத்தா ஒம்பது தபா அடிச்சிகீற. பேசறதுக்கு பேலன்ஸ் இல்ல. கீழ கடையில கேட்டுப் பேசலாம்னு படியில ஓடியாந்துகினு கீறேன்."

ஓடி வந்திருக்கிறார். என்னால்.

யோனாஸிடம் கேட்டேன். சார்ஜ் மிச்சம் பிடிக்க அந்த போன் தூங்கிவிடுமாம், அழைப்பு வந்தால் எழுந்திருக்க ஐந்தாறு வினாடி ஆகுமாம். அதற்குள் நைனா கட் செய்துவிட்டதால் மிஸ்டு கால் என்றுகூடப் பதியவில்லை. பேச வேண்டுமென்றால் அவர் ஏன் வைத்துவிட்டார் என்று யோனாஸ் கேட்டார். பேச வேண்டாம் என்றுதான் வைத்தார் என்றேன். அப்படியானால் உனக்கு என்ன நஷ்டம் என்று நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

நைனாவை ஐந்து ரிங் விடச் சொன்னேன். "அத்தினி அடிச்சா நீ எடுத்துடுவ" என்று மறுத்துவிட்டார்.

பழைய சிஸ்டத்துக்குத் திரும்ப மனமில்லை. திருத்தலாம் என்றார்களே, நானே திருத்தினேன். கிருத்திகை அன்று மட்டும் போன் தூங்காது. சார்ஜ் மளமளவென்று இறங்குவதால் விடியும்போதே ஒயரில் செருகிவிடுகிறேன். விடுதலை வாங்கிய போன் அன்று காலை முழுக்க ஜெர்மன் சமையலறைச் சுவரோடு கட்டுண்டு கிடக்கிறது. எடுக்கக் கூடாத அந்த ஒரு ரிங்குக்காக, ட்ராமையும் விட்டுவிட்டு, நானும் பக்கத்தில் நிற்கிறேன்.